சாம்பல் ஊருக்கு! சாவி யாரிடம்?

கரி வருகிறது கப்பலில். மின்சாரம் போகிறது கம்பியில். சாம்பல் மட்டும் எங்கும் போவதில்லை! எண்ணூர்க் கழியிலே, செப்பாக்கத்து வாசலிலே, கொசஸ்தலை ஆற்றின் அடிவயிற்றிலே அது நிலையாகக் குடியேறிவிடுகிறது.

கரியின் பயணம் நெடும்பயணம். ஒடிசா மாநிலத்துத் தால்சேரில் பூமியைப் பிளந்து தோண்டுகிறார்கள். ரயிலேறிப் பாரதீப் துறைமுகம் வருகிறது. அங்கே கப்பலேறி, 2001-இல் திறக்கப்பட்ட எண்ணூர்த் துறைமுகத்தில் — இன்று காமராசர் பெயர் தாங்கும் துறைமுகத்தில் — இறங்குகிறது. அங்கிருந்து வடசென்னை அனல்மின் நிலையத்தின் உலைக்குள் நுழைகிறது. புறப்படும் ஊருக்கும் இறங்கும் ஊருக்கும் மொழி வேறு, ஆட்சி வேறு, ஆறு வேறு. ஆனால் ஒன்றிலே இரண்டும் உடன்பிறப்புகள்! 2009-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், நாட்டிலேயே மிக மோசமாக மாசுபட்ட தொழிற்பகுதிகள் என்று ஒரு பட்டியல் வெளியிட்டது. அந்தப் பட்டியலிலே தால்சேர் இருந்தது. எண்ணூருக்கு அண்டைவீடான மணலியும் இருந்தது. தோண்டும் இடத்திலே தூசி. எரிக்கும் இடத்திலே சாம்பல். இரண்டு இடத்திலும் ஊராருக்கு ஒரே கேள்வி: "எங்கள் வாசலில் நடப்பதைக் கண்காணிக்கும் உரிமை எங்களுக்கு உண்டா, இல்லையா?"

இந்தக் கேள்வியைத்தான் இன்று நாம் எடுத்துக்கொள்கிறோம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். நம் நாட்டுக் கரியிலே நூற்றுக்கு 30 முதல் 45 பங்குவரை சாம்பல். 100 வண்டி கரி உலைக்குள் போனால், 30, 40 வண்டி சாம்பலாக வெளியே வரும். வடசென்னை நிலையத்தின் முதல் கட்டம் 630 மெகாவாட். இரண்டாவது கட்டம் 1200 மெகாவாட். பக்கத்திலே, மத்திய நிறுவனமும் மாநில மின்வாரியமும் கூட்டாக நடத்தும் வல்லூர் நிலையம் 1500 மெகாவாட். 2024-இல் வடசென்னையின் மூன்றாவது கட்டமாக இன்னொரு 800 மெகாவாட். இத்தனை உலைகளின் சாம்பலும் எங்கே போகும்? தண்ணீரிலே கரைத்துக் குழம்பாக்கி, நீண்ட இரும்புக் குழாய்களிலே, உப்பங்கழியைக் கடந்து, சாம்பல் குட்டைகளுக்கு அனுப்புகிறார்கள். குழாய் பழசானால் ஓட்டை விழும். ஓட்டை விழுந்தால் குழம்பு கழியிலே கொட்டும். தண்ணீர் ஓடிவிடும், சாம்பல் படிந்துவிடும். ஆழமாக இருந்த இடம் மேடாகும். சேற்றிலே கைவிட்டு இறால் தடவிப் பிடித்த மீனவரின் விரலுக்கு, சேறு தட்டுப்படாது, சாம்பல் தட்டுப்படும்! அந்தச் சாம்பலுக்குள்ளே பாதரசம் உண்டு, ஆர்சனிக் உண்டு, ஈயம் உண்டு, காட்மியம் உண்டு. அளவு சிறிதுதான், ஆனால் நாள்தோறும் சேரும் சிறிது!

இப்போது ஓர் உரையாடலைக் கற்பனை செய்து பாருங்கள்.

"ஐயா, குழாய் உடைந்து சாம்பல் கழியிலே கொட்டுகிறது."

"மனு எழுதிக் கொடு."

"மின்வாரியத்தில் கொடுத்தேன் ஐயா."

"அது மாசு வாரியத்தின் வேலையப்பா!"

"அங்கேயும் கொடுத்தேன்."

"அப்படியானால் சோதனைக்கு ஆள் வரும், போ."

ஆள் வரும். வருவதற்குள் குழாய்க்கு ஒட்டுப் போட்டாகிவிடும். 'கசிவு காணப்படவில்லை' என்று அறிக்கையும் எழுதியாகிவிடும். கோப்பு மூடப்படும், குழாய் மறுபடி திறக்கும்!

உரையாடல் நம் கற்பனை. ஆனால் வழக்கு கற்பனை அல்ல. 2016-இல் எண்ணூர் மீனவர் ஒருவர் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்விலே கதவைத் தட்டினார். 2017-இல் தீர்ப்பாயம் அமர்த்திய வல்லுநர்கள் வந்து பார்த்து, ஆம், கழியிலே சாம்பல் படிந்திருக்கிறது என்றார்கள். 2022 ஜூலையில் தீர்ப்பு வந்தது. மின்வாரியமே பொறுப்பு என்றது. மனுவுக்கும் தீர்ப்புக்கும் இடையே 6 ஆண்டுகள்! அந்த 6 ஆண்டும் குழாய் காத்திருந்ததா? சாம்பல் காத்திருந்ததா? இறால்குஞ்சு காத்திருந்ததா?

இதிலே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வல்லுநர் 2017-இல் கண்டதை, வலை வீசுபவர் அதற்கு முன்பே கண்டிருந்தார். கருவி இல்லாத கண் முதலில் கண்டது. கருவி உள்ள கண் பிறகு கண்டது. அப்படியானால் முதலில் கண்ட கண்ணுக்குச் சட்டத்திலே என்ன இடம்?

சட்டம் என்ன சொல்கிறது, பார்ப்போம். 2006 செப்டம்பர் 14-இல் வெளியான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, ஆலை எழும்புவதற்கு முன்னே பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தவேண்டும் என்கிறது. 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். மாவட்ட ஆட்சித் தலைவரோ அவரது பிரதிநிதியோ தலைமை தாங்கவேண்டும். பேசியதை மக்கள் மொழியிலே படித்துக் காட்டவேண்டும். நல்ல ஏற்பாடு! 2024 டிசம்பரில் எண்ணூரிலே 660 மெகாவாட் விரிவாக்கத்துக்காக அப்படி ஒரு கூட்டம் நடந்தது. மக்கள் திரண்டார்கள், எதிர்த்துப் பேசினார்கள்.

ஆனால் அந்த ஒருநாள் கூட்டம் முடிந்த பிறகு? பெண் பார்க்க வந்த அன்று மட்டும் வாய் திறக்கலாம். தாலி ஏறிய பிறகு வாழ்நாள் முழுதும் வாய்பொத்தி இருக்கவேண்டும் என்ற பழைய வீட்டு நியாயம் போல இருக்கிறது இது! உலை எரியப் போவதோ 30 ஆண்டு, 40 ஆண்டு. ஊரைக் கேட்பதோ ஒரே ஒரு நாள்!

பிறகு கண்காணிப்பு யார்? ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஜூன் 1-ஆம் நாளும் டிசம்பர் 1-ஆம் நாளும், 'நிபந்தனைகளை எல்லாம் நிறைவேற்றிவிட்டோம்' என்று நிலையமே அறிக்கை தரவேண்டும். தேர்வு எழுதுபவனே விடைத்தாளையும் திருத்துவது! அனுமதிக் கடிதத்தின் நகலை ஊராட்சித் தலைவருக்குக் கொடுக்கவேண்டும், அவர் அதை 30 நாள் மக்கள் பார்வைக்கு வைக்கவேண்டும் என்றும் விதி இருக்கிறது. ஊராட்சித் தலைவர் எங்கே? திருவள்ளூர் உள்ளிட்ட மாவட்டங்களிலே 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் நாள் முடிந்தது. தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். ஆலையின் கடிதம் அலுவலருக்கு வந்தது, ஊருக்கு வந்ததா? அதிலும் கழியின் தென்கரை சென்னை மாநகராட்சி, வடகரை திருவள்ளூர் மாவட்டத்து ஊராட்சிகள். தண்ணீருக்கு எல்லை இல்லை. பொறுப்புக்கு மட்டும் எல்லை உண்டு!

டில்லியின் போக்கோ, இருக்கும் ஒரு நாளையும் பறிப்பதாக இருக்கிறது. நிலக்கரிச் சுரங்க விரிவாக்கத்துக்கு மறுபடி மக்களைக் கேட்கவேண்டியதில்லை என்று சலுகை வழங்கி, அந்தச் சலுகையின் அளவை 2022-இல் மேலும் உயர்த்தினார்கள். 2025 செப்டம்பரில் அணுக் கனிமம், அரிய கனிமம் எடுக்கும் சுரங்கங்களுக்குக் கருத்துக்கேட்பே வேண்டாம் என்றார்கள்; தமிழ்நாட்டு முதலமைச்சர் அதை எதிர்த்துப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அனல்மின் நிலையப் புகையிலே கந்தக வாயுவுக்கு வரம்பு கட்டி 2015 டிசம்பரில் விதி போட்டார்கள். கெடுவைத் தள்ளினார்கள், மறுபடி தள்ளினார்கள். 2025 ஜூலையிலோ பெரும்பாலான நிலையங்களுக்கு வடிகட்டும் கருவியே வேண்டாம் என்று விலக்கு அளித்துவிட்டார்கள். பத்தாண்டுக் கெடு, பத்தாம் ஆண்டிலே தள்ளுபடி!

இதைக் கண்டிக்கிறோம். கண்டிப்பது எளிது. ஆனால் கண்ணாடியைத் திருப்பி நம் முகத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டாமா?

2023-இல் காவிரிப் பகுதியிலே வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு ஆகிய இடங்களின் நிலக்கரியை ஏலப் பட்டியலிலே டில்லி சேர்த்தது. தமிழ்நாடு கொதித்தது. எங்களைக் கேட்காமல் எங்கள் மண்ணைத் தோண்டுவதா என்று கேட்டோம். ஏப்ரல் மாதமே பட்டியலிலிருந்து நீக்கினார்கள். வெற்றி பெற்றோம்! அந்த வெற்றியின் தத்துவம் என்ன? மண்ணுக்கு உரியவனைக் கேட்காமல் மண்ணைத் தொடாதே என்பதுதான். டில்லியிடம் மாநிலத்துக்காக அந்த உரிமையைக் கேட்ட அதே நாக்கு, கோட்டையிடம் செப்பாக்கத்துக்காகவும் அந்த உரிமையைக் கேட்கவேண்டும். மாநிலத்துக்கு ஒரு நீதி, ஊராட்சிக்கு ஒரு நீதி என்றால், அதன் பெயர் சுயாட்சி அல்ல. சாவியைக் கை மாற்றிக்கொள்வது!

"மின்சாரம் வேண்டாமா? விளக்கு வேண்டாமா? ஆலை வேண்டாமா?" என்று சிலர் சினந்து கேட்பார்கள். வேண்டும், ஐயா, வேண்டும்! தென்னாட்டுக்குத் தொழில் வேண்டும் என்று ஊர் ஊராக மேடை போட்டுப் பேசிய மரபிலே வந்தவர்கள் நாம். கும்மிடிப்பூண்டியில் இரும்பு ஆலைகள் எழுந்தபோது, நம் பிள்ளைகளுக்கு வேலை என்று மகிழ்ந்தவர்கள் நாம். அடுப்பு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அடுப்புச் சாம்பலை அடுத்த வீட்டுச் சோற்றிலே கொட்டாதே என்றுதான் சொல்கிறோம்.

"படிக்காத மீனவன் கண்காணிப்பதா? அது விஞ்ஞானமாயிற்றே!" என்று வேறு சிலர் உதட்டைப் பிதுக்குவார்கள். அவர்கள் கடலூரைப் பார்க்கட்டும். அங்கே சிப்காட் ஆலைகளின் நாற்றத்தைச் சகித்துச் சகித்துச் சலித்த கிராமத்தார், 2004-இல் ஒரு கண்காணிப்புக் குழுவாகச் சேர்ந்தார்கள். எந்த நேரத்தில், எந்தத் திசையில், என்ன நாற்றம் என்று குறிப்பு எழுதினார்கள். ஒரு வாளி, அதற்குள் ஒரு பை, காற்றை இழுக்க ஒரு கருவி — இவ்வளவுதான்! பிடித்த காற்றை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். மூக்கு சொன்னது மெய் என்று ஆய்வுக்கூடமும் சொன்னது.

அயல்நாட்டையும் பார்க்கட்டும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்திலே, பெரிய நிலக்கரிச் சுரங்கம் என்றால், ஊராரும் உறுப்பினராக உள்ள கலந்தாய்வுக் குழு வேண்டும் என்று அனுமதியிலேயே நிபந்தனை போடுகிறார்கள். குழுவின் தலைவர் சுரங்கத்தின் ஆள் அல்ல. கூட்டக் குறிப்புகள் ஊரறிய வெளியிடப்படுகின்றன. கனடாவின் வடபகுதியிலே எகாட்டி என்ற வைரச் சுரங்கத்துக்கு 1997-இலேயே தனி மேற்பார்வை அமைப்பு ஏற்பட்டது. உறுப்பினரை அமர்த்துவதிலே அந்த மண்ணின் பழங்குடியாருக்கும் பங்கு உண்டு. அங்கெல்லாம் சுரங்கம் நின்றுவிடவில்லை. கேள்வி கேட்க ஆள் இருந்தது, அவ்வளவுதான்.

ஆகவே நாம் கேட்பது இது.

ஒன்று: கழிக்கரை ஊர்கள் ஒவ்வொன்றிலும், இருகரைக்கும் பொதுவாக, நிலையான கண்காணிப்புக் குழு. மீனவர் இருக்கட்டும், பெண்கள் இருக்கட்டும், பள்ளி ஆசிரியர் இருக்கட்டும். குழாய் உடைந்தது என்ற சேதி வந்த அன்றே, அந்த இடத்துக்குப் போய்ப் பார்க்கும் உரிமை அவர்களுக்கு வேண்டும்.

இரண்டு: காற்று, தண்ணீர், சாம்பல் பற்றிய அளவுகள் ஊராட்சி அலுவலக வாசலிலே, தமிழிலே, கரும்பலகையிலே எழுதப்படவேண்டும். ஆறு மாத அறிக்கை கிராம சபையிலே வாசிக்கப்படவேண்டும்.

மூன்று: சோதனை நடத்துபவருக்குச் சம்பளம் நிலையம் நேராகக் கொடுக்கக்கூடாது. நிலையம் பணத்தைப் பொது நிதியிலே கட்டட்டும். ஆய்வாளரைக் குழு தேர்ந்தெடுக்கட்டும். பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன் என்ற நிலை ஒழியட்டும்!

நான்கு: 2021 டிசம்பரில் வந்த சாம்பல் விதி, பயன்படுத்தாமல் விட்ட சாம்பலுக்கு டன்னுக்கு 1000 ரூபாய் தண்டம் என்கிறது. கழிக்கரைச் சாம்பலுக்கு விழும் தண்டம் கழிக்கரைக்கே திரும்பவேண்டும். கழியைத் தூர்வாரவும், மீனவர் குடும்பத்தின் மருத்துவத்துக்கும் செலவாகவேண்டும்.

முதல் மூன்றுக்கும் டில்லியின் வாசலிலே காத்துக் கிடக்கவேண்டியதில்லை! 1974-இன் நீர்ச் சட்டத்தின்படியும் 1981-இன் காற்றுச் சட்டத்தின்படியும், ஆலையை இயக்க இசைவு தருவது மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். அந்த இசைவிலே நிபந்தனை போடும் அதிகாரமும் அதற்கே உண்டு. வாரியம் சென்னையிலே, மின்வாரியமும் சென்னையிலே, கோட்டையும் சென்னையிலே. எண்ணூருக்கோ சில கல் தொலைவு! இவ்வளவு அருகில் இருந்தும் சாவி ஊருக்குக் கிடைக்கவில்லை என்றால், தூரத்தைக் குறைசொல்ல முடியாது; மனத்தைத்தான் சொல்லவேண்டும்.

இன்றிரவு நாம் விளக்கைப் போடுவோம். வெளிச்சம் வரும். அந்த வெளிச்சத்துக்கு விலை கொடுத்தவன், கழியிலே முழங்கால் சாம்பலில் நின்று வலையை அலசிக்கொண்டிருப்பான். அவன் தன் குழந்தைக்காகக் கேட்பது விளக்கை அணைக்கச் சொல்லி அல்ல. கணக்கைக் காட்டச் சொல்லி. கணக்குக் காட்ட அஞ்சுவது யார் என்பதை, காட்டச் சொல்லும் நாளிலேதான் நாடு அறியும். காட்டச் சொல்வோம்!