காய்ச்சல் பிள்ளைக்கு, பேர் போவது தாய்க்கு

தொழிற்சங்கப் பத்திரிகையில் பிள்ளைகளின் தடிமன், காய்ச்சலைப் பற்றியெல்லாம் எழுத வேண்டுமா என்று சில தோழர்கள் கேட்கலாம். வேண்டும் என்பதே எமது பதில். இலேசான சுகவீனமுள்ள பிள்ளை இன்றைக்குப் பள்ளிக்கூடம் போவதா, வீட்டில் நிற்பதா என்பதை எங்கள் தோட்டங்களில் பெரும்பாலும் தாயும் முடிவு செய்வதில்லை, வைத்தியரும் முடிவு செய்வதில்லை. செக்ரோல்தான் முடிவு செய்கிறது.

விடியற்காலையில் பிள்ளையின் உடம்பு சுடுகிறது. பெரட்டுக்கு நேரமாகிறது. தாய் நின்றுவிட்டால் அன்றைக்குப் பேர் இல்லை. 2026ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் நாட்சம்பளம் 1550 ரூபா என்றும், வேலைக்கு வரும் ஒவ்வொரு நாளுக்கும் அரசாங்கத்தின் வருகை ஊக்கத்தொகை 200 ரூபா என்றும் அறிவிக்கப்பட்டது. அந்தக் கணக்கில் பிள்ளைக்காக ஒரு நாள் நின்றால் 1750 ரூபா போய்விடும். மூன்று நாள் காய்ச்சல் என்றால் 5250 ரூபா. கடைக் கொப்பியில் கடன் ஏறிக்கிடக்கும் வீட்டில் இது சின்னத் தொகையா? ஆகவே பிள்ளைக்குப் பனடோலைக் கொடுத்து, தொப்பியைப் போட்டுவிட்டு, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டுத் தாய் மலைக்குப் போகிறாள்.

அனுப்பினால், "காய்ச்சலோடு அனுப்பியிருக்கிறார்களே, பொறுப்பில்லாதவர்கள்" என்ற பேச்சு வருகிறது. நிறுத்தினால், "தோட்டத்துப் பிள்ளைகள் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் வருவதில்லை" என்ற பேச்சு வருகிறது. இரண்டு பேச்சையும் கேட்பவள் ஒரே தாய்தான். அவளுக்கு இரண்டு விடயங்கள் தேவை. பிள்ளையை எப்போது நிறுத்த வேண்டும் என்ற தெளிவு ஒன்று. நிறுத்துவதற்கான வசதி மற்றொன்று. முதலாவதை நாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவதைப் போராடித்தான் பெற வேண்டும்.

அனுப்பலாமா, நிறுத்தலாமா?

மூக்கொழுகுகிறது, கொஞ்சம் இருமல் இருக்கிறது. ஆனால் காய்ச்சல் இல்லை, பிள்ளை சாப்பிடுகிறது, விளையாடுகிறது. இப்படிப்பட்ட பிள்ளையை அனுப்பலாம். சிறு பிள்ளைகளுக்கு வருடத்தில் ஆறு, எட்டுத் தடவை தடிமன் பிடிப்பது சாதாரணம். ஒவ்வொரு தடிமனுக்கும் மூன்று நாள் நிறுத்தினால், வருடத்தில் மூன்று நான்கு வாரப் படிப்பு போய்விடும். தலையில் பேன் இருக்கிறது என்பதற்காகவும் நிறுத்தத் தேவையில்லை. பேனுக்கு மருந்து போட்டு, சீவி எடுத்தால் போதும். ஆனால் இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் வைத்தியசாலையில் காட்ட வேண்டும். அது காச நோயா என்று பார்க்க வேண்டிவரும்.

காய்ச்சல் 38 பாகை செல்சியஸ், அதாவது பரனைற்றில் 100.4 அல்லது அதற்கு மேல் இருந்தால் பிள்ளை வீட்டில் இருக்க வேண்டும். வாந்தி, வயிற்றோட்டம் இருந்தாலும் அப்படித்தான். அது நின்று ஒரு முழு நாளாவது கழிந்த பிறகே அனுப்ப வேண்டும். ஜீவனிப் பக்கெட்டை ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். அம்மை போட்டிருந்தால் எல்லாக் கொப்புளங்களும் காய்ந்து பொருக்குக் கட்டும்வரை அனுப்பக் கூடாது. கண் சிவந்து பீளை தள்ளும் பிள்ளை, மூச்சு இழைக்கும் பிள்ளை, காய்ச்சலோடு உடம்பில் தடிப்புப் போட்ட பிள்ளை ஆகியோரை நிறுத்தி, மருந்தெடுக்கக் கூட்டிப்போக வேண்டும்.

இவற்றில் எதிலும் சேராமல் பிள்ளை கொஞ்சம் சோர்வாக மட்டும் இருந்தால், இந்தப் பிள்ளையால் வகுப்பில் உட்கார்ந்து படித்து, சாப்பிட்டு, நடந்து திரும்பி வர முடியுமா என்று பாருங்கள். பள்ளிக்கூடம் லயத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கும், மழையில் நனைந்து மூன்று நான்கு கிலோமீற்றர் ஏறி இறங்கும் பிள்ளைக்கும் ஒரே பதில் இருக்க முடியாது.

பனடோல் கொடுத்து அனுப்புவது

பனடோல் காய்ச்சலைச் சில மணித்தியாலங்களுக்கு அடக்கும். நோய் அப்படியே இருக்கும். காலை ஆறு மணிக்குக் கொடுத்த மருந்தின் வேகம் பதினொரு மணியளவில் குறையும்போது, பிள்ளை வகுப்பில் மேசையில் தலையை வைத்துப் படுத்திருக்கும். அந்த நேரம் தாய் எந்த மலையில் நிற்கிறாள் என்று ஆசிரியைக்குத் தெரியாது. மருந்து இல்லாமலே ஒரு நாள் முழுவதும் காய்ச்சல் வராமல் இருந்த பிறகுதான் பிள்ளையை அனுப்ப வேண்டும்.

டெங்குவை மனதில் வைத்தே எந்தக் காய்ச்சலையும் பார்க்க வேண்டும். கண்டி, மாத்தளை, கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களில் தோட்டங்களும் இருக்கின்றன, டெங்குவும் இருக்கிறது. காய்ச்சலுக்குப் பனடோலைத் தவிர வேறு மருந்தைக் கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள். அஸ்பிரின், இபுபுரூபன் போன்றவை டெங்குக் காய்ச்சலில் இரத்தக் கசிவை உண்டாக்கக் கூடியவை. பனடோல் பாணியையும் பிள்ளையின் நிறைக்கு ஏற்ற அளவைக் கேட்டறிந்தே கொடுக்க வேண்டும். காய்ச்சல் மூன்றாம் நாளுக்குப் போனால் இரத்தப் பரிசோதனை அவசியம். முக்கியமாக ஒன்று: டெங்குவில் ஆபத்து வருவது பெரும்பாலும் காய்ச்சல் விடும் நேரத்தில்தான். "உடம்பு குளிர்ந்துவிட்டது, நாளைக்குப் பள்ளிக்கூடம் போகலாம்" என்று நாம் நினைக்கும் நேரமும் அதுதான். காய்ச்சல் விட்ட பிறகும் வயிற்று வலி, திரும்பத் திரும்ப வாந்தி, கைகால் சில்லிடுதல், மயக்கம், சிறுநீர் குறைதல், எங்காவது இரத்தம் கசிதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு போக வேண்டும். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

வீட்டில் நிற்பது யார்?

பிள்ளையை நிறுத்த வேண்டும் என்று தெரிந்த பிறகும், யார் நிற்பது என்ற கேள்வி இருக்கிறது. பிள்ளை மடுவம் பள்ளிக்கூடம் போகாத சின்னப் பிள்ளைகளுக்கானது. ஆறு வயதுப் பிள்ளையை அங்கே விட முடியாது. காய்ச்சல்காரப் பிள்ளையை அங்கே விட்டால் மற்றக் குழந்தைகளுக்கும் தொற்றும். வீட்டில் பாட்டி இருந்தால் நல்லது. இல்லாத வீடுகளில் என்ன நடக்கிறது? ஏழாம், எட்டாம் வகுப்பில் படிக்கும் அக்காவை நிறுத்துகிறோம். தம்பியின் காய்ச்சலுக்கு அவளுடைய படிப்பு போகிறது. சட்டப்படி 16 வயதுவரை கட்டாயம் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய பிள்ளை அவள். இப்படி இரண்டு நாள், மூன்று நாளாகப் பாடம் விடுபட்டு, கணக்கும் ஆங்கிலமும் விளங்காமல் போய், கடைசியில் "எனக்குப் படிப்பு ஏறவில்லை" என்று அவளே சொல்லும் நிலைக்கு வருகிறாள். வரவு இடாப்பில் அவள் வராத நாள் மட்டும்தான் பதிவாகும். காரணம் பதிவாகாது.

ஆண் தோழர்களிடமும் ஒன்று கேட்கிறோம். கவ்வாத்து, முள்ளுக்குத்து போன்ற கணக்கு வேலைகளை முடித்துவிட்டு ஆண்கள் பல நாட்களில் பகலிலேயே வீடு திரும்புகிறார்கள். கொழுந்தெடுக்கும் பெண் மாலை நிறுவை முடிந்துதான் திரும்புகிறாள். அப்படியிருக்க, பிள்ளைக்குச் சுகமில்லை என்றால் தாய்தான் நிற்க வேண்டும் என்பது எந்தச் சட்டம்? மூன்று நாள் நிற்க வேண்டுமென்றால் ஒரு நாளாவது தகப்பன் நிற்கட்டும். டிஸ்பென்சரிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவது அப்பாவுக்கும் உரிய வேலைதான்.

கடை ஊழியருக்கு உள்ளது எங்களுக்கு ஏன் இல்லை?

நகரத்தில் புடவைக் கடையில் வேலை செய்யும் பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டத்தின்படி, வருட லீவைத் தவிர, இரண்டாம் வருடத்திலிருந்து வருடத்துக்கு 7 நாள் சம்பளத்துடன் அமய லீவு அவருக்கு உண்டு. சொந்த அலுவலுக்காகவும் சுகவீனத்துக்காகவும் வேறு நியாயமான காரணத்துக்காகவும் அதை எடுக்கலாம். அதே நகரத்துக்கு மேலே உள்ள மலையில் கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு, வேலை செய்த நாட்களைக் கணக்கிட்டு வருட லீவு உண்டு. பிள்ளைக்குச் சுகமில்லை என்று விடியற்காலையில் சொல்லி, பேர் இழக்காமல் நிற்க ஒரு நாளும் இல்லை.

நாம் முன்வைக்கும் கோரிக்கைகள் இவை.

ஒன்று: பிள்ளையின் சுகவீனத்துக்காகத் தாயோ தகப்பனோ எடுக்கக்கூடிய சம்பளத்துடனான லீவு, வருடத்துக்கு 7 நாளாவது வேண்டும்.

இரண்டு: அந்த நாட்களுக்கு வருகை ஊக்கத்தொகையை வெட்டக் கூடாது. பிள்ளைக்காக நின்றவளை வேலைக்குக் கள்ளம் போட்டவளாகக் கணக்கிடக் கூடாது.

மூன்று: டிஸ்பென்சரி பெரட்டுக்கு முன்பே திறக்கப்பட வேண்டும். பிள்ளையைக் காட்டிவிட்டு வேலைக்குப் போகலாமா, நிற்க வேண்டுமா என்று காலையிலேயே தெரிந்தால் பல பேர்கள் மிஞ்சும்.

நான்கு: பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு வந்தால், அது மலையில் நிற்கும் தாய்க்கு உடனே போய்ச்சேர ஒழுங்கு வேண்டும். பாதி நாளில் இறங்கிப் போகும் தாய்க்கு அரைப்பேராவது விழ வேண்டும்.

லீவு கொடுத்தால் துஷ்பிரயோகம் செய்வார்கள் என்று நிர்வாகம் சொல்லும். டிஸ்பென்சரித் துண்டு இருக்கிறது, 7 நாள் என்ற வரம்பும் இருக்கிறது. கடை ஊழியர்களுக்கு 70 வருடங்களுக்கு மேலாக இந்த லீவு இருக்கிறது. அதனால் எந்தக் கடைத்தெருவும் மூடப்படவில்லை.

அதிபர், ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். ஒரு நாளும் தவறாமல் வந்த பிள்ளைக்குப் பரிசு கொடுக்கும்போது, காய்ச்சலோடு வந்த பிள்ளைக்கும் சேர்த்துத்தான் கைதட்டுகிறோம். சுகமில்லாமல் நின்ற பிள்ளையை ஏசாமல், விடுபட்ட பாடத்தைப் பக்கத்து லயத்துப் பிள்ளையிடம் கொடுத்தனுப்பினால் அதுவே பெரிய உதவி. புலமைப்பரிசில் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோருக்கு, ஒரு நாள் நின்றால் எல்லாம் போய்விடும் என்ற பயம் இருக்கிறது. அந்தப் பயத்தைத் தீர்க்க ஆசிரியரால்தான் முடியும்.

பேச்சுவார்த்தை மேசையில் வைக்க எங்களுக்குக் கணக்கு வேண்டும். ஆகவே ஒவ்வொரு தோட்டத்திலும் மாதர் சங்கத் தலைவியர் ஒரு கொப்பி போடட்டும். பிள்ளையின் சுகவீனத்தால் எத்தனை பேர் போனது, யார் நின்றது, எந்த அக்கா பள்ளிக்கூடம் போகவில்லை என்பதை மூன்று மாதம் எழுதி வாருங்கள். அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்திலேயே இதைத் தொடங்கலாம்.