சாயம் போதாது

நுகேகொடையில் எந்தப் பலசரக்குக் கடைக்குப் போனாலும் தேயிலை வாங்க வருபவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "நல்லாச் சாயம் இறங்குமோ?" வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அதே கேள்வி. எந்த மலையில் விளைந்தது, எந்த மாதத்தில் பறித்தது என்று ஒருவர் கேட்டு நான் கண்டதில்லை. "ஒரு கரண்டி போட்டாலே கறுத்துப் போகும்" என்று கடைக்காரர் உறுதி சொன்னால் வியாபாரம் முடிந்தது. சாயம் கடுமையாக இறங்கினால் நல்ல தேயிலை, வெளிறினால் மட்டமான தேயிலை என்று நம் வீடுகளில் பாட்டி தாய்க்கும் தாய் மகளுக்கும் சொல்லிக் கொடுத்து வந்திருக்கிறார்கள்.

இது பிழை. லூல்கந்துர தோட்டத்தில் 1867இல் தோட்டத்துரை ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்ட நாளிலிருந்து கணக்கிட்டால், இந்த நாட்டில் வணிகத்துக்குத் தேயிலை பயிரிடத் தொடங்கி 150 வருடங்களைத் தாண்டிவிட்டோம். அந்த இலையைப் பறித்த கைகளில் பெரும்பாலானவை தமிழ் பேசுபவர்களின் கைகள். அப்படிப்பட்ட மொழியில் தேயிலையை மதிப்பிட ஒரே அளவுகோலாக நிறம் மட்டும் எஞ்சியிருப்பது எனக்குப் பெரும் வருத்தம்.

நிறம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்ப்போம். கொழுந்தை வாட்டி, உருட்டி, காற்றுப்பட விடும்போது இலையின் சாறு ஒட்சிசனோடு சேர்ந்து இரண்டு வகைப் பொருள்களை உண்டாக்குகிறது. ஒன்று தியாஃபிளேவின். தேநீருக்குப் பொன்னிறமான ஒளியையும், நாக்கைச் சுறுக்கென்று எழுப்பும் துடிப்பையும் கொடுப்பது இதுதான். மற்றது தியாரூபிஜின். கபில நிறத்தையும் கனத்தையும் கொடுப்பது இது. நல்ல தேயிலைக்கு இரண்டும் வேண்டும். ஆனால் இலையை அளவுக்கு மிஞ்சிக் காற்றுப்பட விட்டால் முதலாவது குறைந்துகொண்டே போகும், இரண்டாவது கூடிக்கொண்டே போகும். நீர் கறுக்கும், சுவை செத்துவிடும். ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கவனக்குறைவாகச் செய்த தேயிலைக்கும் சாயம் கடுமையாக இறங்கும் என்பது இதனால்தான். தூளின் கதையும் இதே மாதிரி. இலை எவ்வளவு பொடியாகிறதோ அவ்வளவு வேகமாக வெந்நீர் அதன் சாற்றை இழுத்துக்கொள்ளும். அந்தக் கறுப்பு இலையின் பருமனைச் சொல்கிறதே தவிர, இலையின் தரத்தைச் சொல்லவில்லை. 'ஒரேஞ்ச் பீகோ' என்று பொதியில் கண்டதும் அதை உயர்ந்த தரம் என்று நினைப்பவர்களும் நம்மில் உண்டு. அதுவும் இலையின் அளவுக்கும் தோற்றத்துக்கும் வைத்த பெயர்தான்.

வைன் உலகத்தில் இதே மயக்கம் இருந்தது, இன்றும் ஓரளவு இருக்கிறது. 1990களில் கறுத்த, கனத்த வைன்களுக்கு விமர்சகர்கள் அதிகப் புள்ளி கொடுக்கத் தொடங்கியதும், கலிபோர்னியாவில் நிறம் கூட்டுவதற்கென்றே திராட்சைச் செறிவைக் கலக்கும் வழக்கம் பரவியது. பிரான்ஸின் போர்தோ பல்கலைக்கழகத்தில் வைன் பயிலும் 54 மாணவர்களிடம் நடத்திய பரிசோதனை ஒன்று 2001இல் வெளியானது. வெள்ளை வைனில் மணமில்லாத சிவப்புச் சாயத்தைக் கலந்து கொடுத்தார்கள். அதை முகர்ந்த மாணவர்கள் சிவப்பு வைனுக்குரிய சொற்களாலேயே வர்ணித்தார்கள். பயிற்சி பெற்ற மூக்கையே கண் ஏமாற்றிவிட்டது. ஆனால் வைன் உலகம் அந்த இடத்தில் நின்றுவிடவில்லை. லண்டனில் 1969இல் வைன் கல்விக்கென்று ஓர் அறக்கட்டளை தொடங்கப்பட்டு, இன்று பல நாடுகளில் அதன் வகுப்புகள் நடக்கின்றன. பேர்கண்டியில் விளையும் பீனோ நுவார் திராட்சை வெளிறிய சிவப்பில்தான் வைன் தரும். உலகத்தின் மிக விலையுயர்ந்த போத்தல்களில் சில அந்த வெளிறிய வைன்தான். நிறத்தைத் தாண்டி மணத்தையும் மண்ணையும் தேட வகுப்புகளிலும், சுவைக்கும் கூட்டங்களிலும், தோட்டங்களுக்குப் போகும் பயணங்களிலும் மக்களைப் பழக்கினார்கள். அதனால்தான் அந்தப் போத்தலுக்கு அந்த விலை நிற்கிறது.

கொழும்பு ஹோட்டல்களில் நடக்கும் வைன் கூட்டங்களுக்கு நம்மவர்களும் போகிறார்கள். போகட்டும், நல்லது. ஆனால் அங்கே சொல்லிக் கொடுக்கும் வித்தை முழுவதும் இந்த நகரத்தில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் தேயிலைக்கு நடந்துகொண்டிருக்கிறது என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கொழும்பின் முதலாவது தேயிலை ஏலம் 1883 ஜூலை 30ஆம் திகதி சொமர்வில் நிறுவனத்தில் நடந்தது. 2020இல் கொரோனா முடக்கத்தின்போது ஏலம் கணினித் திரைக்கு மாறியது. மாறாமல் நடப்பது ஏலத்துக்கு முந்திய வேலை. தரகு நிறுவனங்களின் சுவைக்கும் அறைகளில் நீண்ட மேசைகள், வரிசையாக வெள்ளைப் பீங்கான் கிண்ணங்கள். 100 மில்லிலீற்றர் நீருக்கு 2 கிராம் தேயிலை. ஆறு நிமிடம் மூடி வைத்து வடிக்கிறார்கள். சுவைத்துத் தரம் பிரிக்கும் டேஸ்டர் முதலில் காய்ந்த இலையைப் பார்க்கிறார். பிறகு வெந்த இலையை முகர்கிறார். அது செப்புக்காசு போலப் பளிச்சென்று இருந்தால் நல்ல அடையாளம். பச்சையாகவோ மங்கலாகவோ இருந்தால் எங்கோ தவறு. அதற்குப் பிறகுதான் நீர். கரண்டியால் எடுத்து, காற்றும் சேரும்படி சத்தமாக உறிஞ்சி, வாய் முழுவதும் பரவ விட்டுத் துப்புகிறார். அடுத்த கிண்ணம். ஒரே நாளில் நூற்றுக்கணக்கான கிண்ணங்கள். அவர் குறிக்கும் பல சொற்களில் நிறமும் ஒன்று. ஒளி, துடிப்பு, கனம், மணம், தீய்ந்த வாடை, தட்டையான சுவை என்று மற்றவை நீள்கின்றன. நிறத்தை மட்டும் பார்த்து விலை குறிக்கும் டேஸ்டருக்கு அங்கே வேலை இருக்காது.

நம் வீடுகளுக்குச் சாயமே தரம் என்ற நம்பிக்கை வந்த வழி எனக்கு விளங்குகிறது. அதை இகழ எனக்கு மனமில்லை. தோட்டத்து லயங்களில் வாழ்ந்தவர்களுக்கு எட்டியது தூள்தான். கொஞ்சத் தூளில் நிறையப் பேருக்கு ஊற்ற வேண்டுமென்றால் அது கறுக்கத்தான் வேண்டும். வடக்கிலே பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடித்த பிளேன்ரீக்கும் கடும் சாயம் பொருந்தியது. வந்த விருந்தாளிக்கு வெளிறின தேத்தண்ணி கொடுத்தால் தேயிலையை மிச்சம் பிடித்தார்கள் என்று பேச்சு வரும். வறுமையிலும் உபசாரத்திலும் பிறந்த வழக்கம் அது. ஆனால் வசதி வந்த பிறகும் அதையே தரத்தின் சட்டமாக வைத்திருக்கிறோமே, அதைத்தான் மறுக்கிறேன். கடும் சாயம் கசக்கும். கசப்பை மறைக்கச் சீனி. சீனிக்கு மேல் பால்மா. பாலின் புரதம் தேயிலையின் துவர்ப்பைப் பிடித்துக்கொள்ளும், அதோடு மெல்லிய மணங்களும் அடங்கிவிடும். கடைசியில் கோப்பையில் இருப்பது இனிப்பான கபில நிறத் திரவம். 2022 பொருளாதார நெருக்கடியில் பால்மாவுக்கு வரிசையில் நின்றோம், கிடைக்காதபோது சீனி மட்டும் போட்டுக் குடித்தோம். தேயிலையின் சுவையைத் தனியே அறிய அது ஒரு வாய்ப்பாக இருந்திருக்கலாம். ஆனால் கோப்பையில் கொதித்தது அதே தூள், எனவே பால்மா திரும்பி வரும் நாளை எண்ணிக்கொண்டிருந்தோம்.

சாயத்தை மட்டும் கேட்கும் சந்தை ஏமாற்றுக்குக் கதவைத் திறந்து வைக்கிறது. கழிவுத் தேயிலையைப் பதுக்கிய களஞ்சியங்களைப் பொலிஸார் சுற்றிவளைத்த செய்திகள் பத்திரிகைகளில் திரும்பத் திரும்ப வருகின்றன. மணத்தைப் போலியாகச் செய்வது கடினம். கறுப்பைப் போலியாகச் செய்வது எளிது.

"எங்கட நாக்குக்கு அதெல்லாம் விளங்காது, உறைப்புத் தின்கிற நாக்கு" என்று சிலர் சொல்வார்கள். இதைக் கேட்கும்போது எனக்குக் கோபம் வரும், ஏனென்றால் இது நாம் கண்டுபிடித்த வாதமே இல்லை. டில்மா நிறுவனத்தைத் தொடங்கிய மெரில் ஜே. பெர்னாண்டோ, 2023இல் மறைந்தவர், தம் இளமைக் கதையைப் பலமுறை சொல்லியிருக்கிறார். கறி தின்னும் இலங்கையர்களால் தேயிலையைச் சுவைத்துத் தரம் பிரிக்க முடியாது என்று கூறி ஆங்கிலேயர்கள் அந்தத் தொழிலைத் தங்களிடமே வைத்திருந்தார்களாம். 1950களில் அந்தப் பயிற்சிக்குச் சேர்க்கப்பட்ட முதல் சில இலங்கையர்களில் அவரும் ஒருவர். இன்று கொழும்பில் கிண்ணம் பிடிக்கும் டேஸ்டர்களில் ஏறத்தாழ எல்லோருமே மதியம் சோறும் கறியும் சாப்பிடுபவர்கள்தான். வெள்ளைக்காரன் தன் வேலையைக் காக்கச் சொன்ன பொய்யை நாம் பணிவு என்று நினைத்து இன்னும் சுமக்கிறோம்.

இன்னொரு மறுப்பு கொஞ்சம் பலமானது. ஏலத்தில் பல காலமாகச் சராசரி விலை கூடுதலாகப் போவது தாழ்நிலத் தேயிலைக்கு. 2,000 அடிக்குக் கீழே, காலி, மாத்தறை, இரத்தினபுரிப் பக்கங்களில் விளையும் அந்தத் தேயிலை கறுப்பானது, கடுமையானது. ஈராக்கும் துருக்கியும் ரஷ்யாவும் அதைத்தான் விரும்பி வாங்குகின்றன. அப்படியானால் சாயம்தானே தரம் என்று கேட்கலாம். இந்தத் தாழ்நிலத் தேயிலையின் கருமைமேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. வெயிலும் மண்ணும் கொடுத்த கருமை அது. அதை வாங்குபவர்கள் இலையின் முறுக்கையும், கரிய மினுக்கையும், தேன் போன்ற அடியினிப்பையும் பார்த்துக் காசு கொடுக்கிறார்கள். தங்களுக்கு வேண்டியதை அறிந்து தேர்ந்தெடுக்கிறார்கள். நாம் தேர்ந்தெடுப்பதே இல்லை. அதே அளவுகோலைத் தூக்கிக்கொண்டு நுவரெலியாத் தேயிலையிடம் போய், "இதில் சாயம் போதாது" என்று ஒதுக்கிவிடுகிறோம்.

நுவரெலியாவில் 6,000 அடிக்கு மேல், குளிரில் மெதுவாக வளரும் இலை அது. நீர் வெளிறிய பொன் நிறம். சீனி போடாமல், பால் விடாமல் குடித்தால் பூ மணம் மெல்ல எழும். மேற்குச் சரிவில் ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவை அடங்கிய திம்புள்ள. அங்கே ஜனவரி முதல் மார்ச் வரை வரண்ட குளிர் காற்றில் பறிக்கும் கொழுந்துக்குத் தனி மதிப்பு. கிழக்குச் சரிவில் ஊவா. தென்மேற்குப் பருவக்காற்று மேற்கே மழையைக் கொட்டிவிட்டு, ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை ஊவா மலைகளில் வரண்டு வீசும். மட்டக்களப்பார் கச்சான் என்று சொல்லும் அதே காற்று. அந்த வாட்டத்தைத் தாங்க இலை தனக்குள் சுரக்கும் பொருள் ஊவாத் தேயிலைக்குப் புதினாவை நினைவூட்டும் ஒரு குளிர்ந்த மணத்தைக் கொடுக்கிறது. உலகத்தில் வேறெங்கும் அது அப்படியே கிடைப்பதில்லை. வருடத்தில் சில கிழமைகள் மட்டும் வரும் அந்தத் தேயிலைக்காக ஜப்பானிலும் ஜேர்மனியிலும் வாங்குபவர்கள் காத்திருக்கிறார்கள். நமக்கு ஓகஸ்ட் மாதத் தேயிலையும் டிசம்பர் மாதத் தேயிலையும் ஒன்றுதான்.

பதுளைக்குப் போகும் ரயிலில் ஏறாத கொழும்புக் குடும்பம் அரிது. ஹட்டனில் திம்புள்ளையையும், நானுஓயாவில் நுவரெலியாவையும், அப்புத்தளையில் ஊவாவையும் ஒரே இருக்கையிலிருந்து கடக்கிறோம். பிரான்ஸுக்குப் போய் வைன் தோட்டம் பார்க்க ஏங்குபவர்கள், ஒரே பகலில் மூன்று புகழ்பெற்ற தேயிலைப் பிரதேசங்கள் ஜன்னலில் ஓடுவதைப் பார்த்தும் தெமோதரையின் ஒன்பது வளைவுப் பாலத்தில் படம் எடுத்துத் திரும்பிவிடுகிறார்கள். நுகேகொடை நிலையத்தில் நிற்கும் நமக்கு இது இன்னும் கிட்டிய சங்கதி. இந்தக் களனிவெளிப் பாதையே எட்டியாந்தோட்டைப் பக்கத்து ரப்பரையும் தேயிலையையும் கொழும்புக்கு இறக்க 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போட்டதுதான்.

சுவை தெரியாதவர்களுக்கு உழைப்பும் தெரியாமல் போகிறது. இதுதான் என்னை அதிகம் உறுத்துவது. ஒரு கிலோ தேயிலைக்கு நாலரைக் கிலோவுக்கு மேல் பச்சைக் கொழுந்து வேண்டும். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பார்த்துப் பறித்தால் மணம் வரும், ஆனால் கூடை மெதுவாகத்தான் நிறையும். முற்றிய இலையையும் சேர்த்து இழுத்தால் நிறை சீக்கிரம் ஏறும், தேயிலை மட்டமாகும். மலையில் 'பேர்' விழ, அதாவது முழுநாள் கூலி பதிய, வேண்டுமென்றால் தோட்டம் குறித்த கிலோ கணக்கை எட்ட வேண்டும். நேர்த்தியாகப் பறித்த விரலுக்குத் தனிக் கூலி இல்லை. நாட்கூலி 1,000 ரூபாயாக 2021இல் உயர்வதற்கே வருடக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. வைன் குடிப்பவர் எந்தத் தோட்டம், யார் செய்தது என்று கேட்டுக் கேட்டே அந்தத் தோட்டத்தின் கைவேலைக்கு விலை ஏற்றினார். சாயத்தை மட்டும் கேட்கும் நாம், மலையகத்துப் பெண்ணின் விரலிலுள்ள திறமைக்கு ஒரு சதமும் மதிப்பில்லாத சந்தையை நம் பங்குக்கு நடத்திக்கொண்டிருக்கிறோம்.

வெளிநாட்டுக்கு ஏற்றியது போக எஞ்சிய குப்பைதான் நமக்கு என்ற புலம்பலும் பாதிதான் உண்மை. விளைவதில் பத்துக்கு ஒன்பது பங்குக்கு மேல் கப்பலேறுகிறது, சரி. ஆனால் ஊவா, திம்புள்ள, நுவரெலியா என்று பிரதேசத்தின் பெயர் போட்ட பொதிகள் கொழும்பின் பேரங்காடிகளிலேயே கிடைக்கின்றன. விலை தூளைவிடக் கூடுதல்தான். ஆனால் பால்மாவுக்கும் சீனிக்கும் கொட்டும் காசைச் சேர்த்துப் பார்த்தால் வித்தியாசம் நாம் பயப்படும் அளவுக்கு இராது.

மூன்று பிரதேசத்துப் பொதிகளை வாங்குங்கள். மூன்று வெள்ளைக் கோப்பைகளில் இவ்விரண்டு கிராம் போட்டு, கொதித்த நீரை நூறு மில்லிலீற்றர் ஊற்றி, ஆறு நிமிடம் மூடி வையுங்கள். வடித்து, கொஞ்சம் ஆற விட்டு, பிள்ளைகளையும் கூப்பிட்டு, சீனியில்லாமல் சத்தமாக உறிஞ்சச் சொல்லுங்கள். எது எந்த மலை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல அவர்கள் இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் பழகிவிடுவார்கள். நான் சொல்லிக் கொடுத்த அயல்வீட்டுப் பிள்ளைகள் பழகியிருக்கிறார்கள். அடுத்த முறை கடைக்குப் போகும்போது முதலாளியிடம் சாயத்தைப் பற்றி ஒன்றும் கேட்காமல், "இது எந்த ஊர்த் தேயிலை, எந்த மாதத்தில் பறித்தது?" என்று கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் மறுகிழமையும் போய்க் கேளுங்கள்.