பல்லேகலவில் எழுதப்படாத பெயர்

வத்தேகமவிலிருந்து தெற்கே சில மைல் இறங்கினால் பல்லேகல. கண்டி–மஹியங்கனை வீதியோரம் நிற்கும் சர்வதேசக் கிரிக்கெட் மைதானத்தை உலகெங்குமுள்ள இரசிகர்கள் தொலைக்காட்சியில் பார்த்திருப்பார்கள். 2011 உலகக் கிண்ணப் போட்டிகளைக் கருதிக் கட்டப்பட்டு, 2009 நவம்பரில் திறக்கப்பட்டது. 2010 ஜூலையில், முத்தையா முரளிதரன் காலியில் தமது 800ஆவது டெஸ்ட் விக்கெட்டை வீழ்த்தி விடைபெற்ற அதே மாதத்தில், மத்திய மாகாணசபை இம்மைதானத்துக்கு அவருடைய பெயரைச் சூட்டுவதென்று தீர்மானித்தது.

தீர்மானம் தீர்மானமாகவே கிடக்கிறது. பதினைந்து ஆண்டுகள் கடந்துவிட்டன. போட்டி அட்டவணைகளில் பல்லேகல, ஓட்ட விபரங்களில் பல்லேகல, வர்ணனையாளர் வாயில் பல்லேகல. தீர்மானம் எடுத்த சபையின் பதவிக்காலமே 2018 ஒக்டோபரில் முடிந்து, அதுவும் வெறும் கட்டடமாகிப் போனது. தீர்மானங்களைச் செய்தியாக்கியே தலைநரைத்தவன் என்ற முறையில் எனக்கு இதில் வியப்பில்லை. ஆனால் எல்லாத் தீர்மானங்களும் ஒரே மாதிரி மறக்கப்படுவதில்லை என்பதையும் அதே அனுபவம்தான் சொல்கிறது.

ஊர்ப் பெயரே போதுமே, ஆளின் பெயர் எதற்கு என்பார்கள். கேட்பதற்கு நியாயமான வாதம். ஆனால் இந்த நியாயம் கொழும்பில் எங்கே போயிருந்தது? 1986இல் கெத்தாராம மைதானமாகத் திறக்கப்பட்டது, 1994இல் ஆர். பிரேமதாச மைதானமாயிற்று. சூரியவெவவில் காட்டை வெட்டிக் கட்டிய மைதானத்துக்கு, பதவியிலிருந்த ஜனாதிபதியான மகிந்த ராஜபக்சவின் பெயரே வைக்கப்பட்டது. அங்கெல்லாம் ஊர்ப் பெயரின் அழகு எவருக்கும் நினைவுக்கு வரவில்லை. ஒரு பந்தும் வீசாதவர்களுக்கு மைதானம் உண்டு. எண்ணூறு விக்கெட் எடுத்தவனுக்கு ஊர்ப் பெயரின் மகிமை பற்றிய உபதேசம் உண்டு.

தமிழர் பெயர் தாங்கிய மைதானமே இந்நாட்டில் இல்லை என்று நான் சொல்லவரவில்லை. 1982இல் இலங்கை தன் முதலாவது டெஸ்ட் போட்டியை ஆடிய கொழும்பு ஓவல், பாக்கியசோதி சரவணமுத்துவின் பெயரைத் தாங்கியது. அது தமிழ் யூனியன் கழகத்தின் சொந்த மைதானம். யாழ்ப்பாணத்தில் அல்பிரட் துரையப்பா விளையாட்டரங்கு உண்டு. ஒருவர் சிவில் சேவை உத்தியோகத்தர், மற்றவர் மாநகர முதல்வர். மலையகத் தமிழன் ஒருவனின் பெயர்? அந்த இடம்தான் வெறுமையாக இருக்கிறது.

அந்த வெறுமைக்கு ஒரு சரித்திரம் உண்டு. மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தே வந்தார்கள் நம்மவர்கள். வழிநெடுகக் காய்ச்சலிலும் கழிச்சலிலும் செத்தவர்கள் போக எஞ்சியவர்கள் ஏறிய மலைகளில் முதலில் கோப்பி, பிறகு தேயிலை. கண்டியிலிருந்து வத்தேகமவைத் தொட்டு மாத்தளைக்குப் போகும் இரயில் பாதை 1880இல் திறக்கப்பட்டதும் அந்தப் பயிர்களின் பொருட்டே. நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த 1948ஆம் ஆண்டிலேயே வந்தது 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், அவர்கள் நாடற்றவராயினர். 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டு, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டார்கள். ஆட்டு மந்தையைப் பிரிப்பதற்கும் ஆட்டுக்காரனிடம் ஒரு வார்த்தை கேட்பார்கள், இவர்களிடம் கேட்கவில்லை.

முரளியின் பாட்டனார் 1920இல் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர். பின்னர் பெண்மக்களுடன் திருச்சிராப்பள்ளிக்குத் திரும்பிவிட்டார். ஆண்மக்கள் இங்கேயே தங்கினர். அவர்களுள் ஒருவரான முத்தையா குண்டசாலைப் பகுதியில் பிஸ்கட் தொழிற்சாலை நடத்தினார். 1977 வன்செயலில் அது தாக்கப்பட்டதை முரளியே கூறியிருக்கிறார். குண்டசாலைக்கும் பல்லேகலவுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதைக் கண்டி வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இதே மலைநாட்டில் டன்சினன், ஹொலிரூட், பல்மோரல் என்று ஸ்கொத்லாந்துப் பெயர்கள் தோட்டப் பலகைகளில் இன்றும் வாழ்கின்றன. துரைமார் போய்ப் பல தலைமுறை கழிந்தும் அவை எவருடைய கண்ணையும் உறுத்தவில்லை. மலையைத் திருத்தியவன் தன் தோட்டத்துக்கு இட்ட தமிழ்ப் பெயரோ அவன் நாவோடு நின்றுவிட்டது.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் ஜேர்மனியின் ஸ்ருட்கார்ட் நகரிலுள்ள விளையாட்டரங்கின் கதையைப் படிக்கவேண்டும். நம்மவர் பலர் குடியேறி வாழும் நகரம் அது. உதைபந்தாட்டத்துக்கும் மெய்வல்லுநர் போட்டிகளுக்குமாக 1933இல் திறந்தபோது அதற்கு வைத்த பெயர் அடோல்ஃப் ஹிட்லர் களம். போர் முடிந்தது, அமெரிக்கப் படையினர் வந்தனர், பெயரும் மாறியது. 1949இல் அருகே ஓடும் ஆற்றின் பெயரால் நெக்கார் அரங்கு. 1993இல் மோட்டார் வாகன முன்னோடி டைம்லரின் பெயர், பின்பு நிறுவனங்களின் பெயர்கள். யார் கையில் அதிகாரமும் பணமும் இருந்தனவோ அவரே பலகையை எழுதினார். அதே நாட்டில் கைசர்ஸ்லாட்டன் மக்களோ, 1954இல் உலகக் கிண்ணம் வென்ற அணியின் தலைவரான தம் ஊர்ப்பிள்ளை ஃபிரிட்ஸ் வால்ட்டரின் பெயரை, 1985இல் அவர் உயிரோடிருக்கும்போதே தம் அரங்குக்கு இட்டார்கள். மைதானத்தில் வியர்வை சிந்தியவனுக்கு மைதானம். அவ்வளவே கேட்கிறோம்.

இனி நம்மவர் பக்கம். முரளிக்கு எதற்கு மைதானம் என்று புலம்பெயர்ந்த நண்பர்கள் பலர் கேட்பார்கள் என்பதை அறிவேன். 2019 தேர்தலில் கோத்தாபய ராஜபக்சவுக்கு ஆதரவாக நின்றார். 2009 பற்றி அவர் பேசியது பலரைக் காயப்படுத்தியது. 2020இல் அவரது வாழ்க்கைப் படத்திலிருந்து விஜய் சேதுபதி விலக நேர்ந்தது. அவருடைய அரசியல் எனக்கும் உவப்பானதன்று. தம் சமூகத்தின் துயரத்தை இன்னும் உரத்துப் பேசியிருக்கலாம் என்ற மனக்குறை எனக்கும் உண்டு. ஆனால் மாகாணசபை அவருடைய அரசியலுக்குப் பெயர் சூட்டவில்லை, பந்துக்குச் சூட்டியது. கண்டி அஸ்கிரிய மைதானத்தில் மட்டும் 117 டெஸ்ட் விக்கெட்டுகள். 2002இல் சிம்பாப்வேக்கு எதிராக அங்கேயே ஒரே இன்னிங்ஸில் 51 ஓட்டங்களுக்கு 9 விக்கெட். 2007 டிசம்பரில் ஷேன் வோர்னின் 708ஐக் கடந்ததும் அதே புல்தரையில். அந்தப் போட்டியோடு அஸ்கிரியவில் டெஸ்ட் ஆட்டம் நின்றது. பல்லேகலவில் முதல் டெஸ்ட் நடந்த 2010 டிசம்பரில் அவர் ஓய்வு பெற்றிருந்தார். தாம் ஒரு டெஸ்டும் ஆடாத மைதானத்தில் அவர் பெயரளவிலாவது இருந்திருக்கலாம்.

தென்னிலங்கைக்கும் ஒரு கேள்வி. 1995இல் மெல்பேர்னில் நடுவர் அவருடைய பந்தை முறையற்றதென்றபோது நாடே கொதித்தது. 1999இல் அடிலெய்டில் மீண்டும் அவ்வாறே நடந்தபோது அர்ஜுன ரணதுங்க அணியை எல்லைக்கோடு வரை அழைத்துச் சென்றார். தமிழன் ஒருவனுக்காக ஒரு சிங்களத் தலைவன் உலகத்தை எதிர்த்து நின்ற அந்தக் காட்சியை நான் என்றும் மதிப்பேன். அன்று வேண்டியிருந்தவன், ஒரு பெயர்ப்பலகைக்கு மட்டும் வேண்டாதவனாவது எப்படி?

அவரை எறிகிறான் என்று கூவியது அவுஸ்திரேலிய அரங்கு. அதே அவுஸ்திரேலியா இலங்கையுடன் ஆடும் டெஸ்ட் தொடரின் கிண்ணத்துக்கு 2007 முதல் வோர்ன்–முரளிதரன் கிண்ணம் என்று பெயர். 2016 ஜூலையில் அக்கிண்ணத்துக்கான தொடரின் முதல் போட்டி பல்லேகலவில் நடந்தது. இலங்கை 106 ஓட்டங்களால் வென்றது. தொடரை 3–0 எனக் கைப்பற்றி அக்கிண்ணத்தை முதன்முறையாகத் தனதாக்கியது. கிண்ணத்தில் அவருடைய பெயர் இருந்தது. மைதானத்தில் இல்லை.