காயலான் கடைக்குப் போக இருந்த வாத்தியார்



இந்த மலரில் காதலைப் பற்றி எழுத ஆள் இருக்கிறார்கள். நட்பைப் பற்றி எழுத அதைவிட அதிகம் பேர் இருக்கிறார்கள். நான் எழுதப் போவது எங்கள் வீட்டு மாட்டுக் கொட்டகையில் பன்னிரண்டு வருஷம் படுத்துக் கிடந்த ஒரு ஆர்.எக்ஸ். 100 பற்றி. சிரிக்காதீர்கள். கடைசி வரை படித்துவிட்டுச் சிரியுங்கள்.

வெளிநாடுகளில் பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார்களை வாங்கிப் புதுப்பிப்பது பெரிய மோகம். 1967 முதல் 1970 வரை டொயோட்டா கம்பெனி 2000ஜிடி என்றொரு கார் செய்தது. மொத்தமே சுமார் 350 கார்கள்தான். இன்றைக்கு அதன் விலையைக் கேட்டால் நமக்கு மயக்கம் வரும். மாஸ்டா கம்பெனி 1989-ல் வந்த தன் ரோட்ஸ்டர் காரைத் தானே புதுப்பித்துத் தருவதாக 2017-ல் அறிவித்தது. நிஸான் கம்பெனியும் அதே வருஷம் தன் பழைய ஸ்கைலைன் ஜி.டி.ஆர். காருக்கு மறுபடியும் உதிரிப்பாகம் செய்யத் தொடங்கியது. செய்தவனே திரும்பி வந்து "என் பழைய பிள்ளையை நானே பார்த்துக்கறேன்" என்கிறான். எவ்வளவு பெரிய விஷயம்!

நமக்கு? மூன்று வருஷத்துக்கு மேற்பட்ட பழைய காரை இறக்குமதி செய்ய நம் நாட்டில் பொதுவாக அனுமதியே கிடையாது. அனுமதி இருந்தாலும் ஓமந்தூரில் யார் வாங்குவது? எங்க ஊர் பேரைச் சொன்னால் பெரியவர்களுக்கு ஓ.பி.ஆர். ஞாபகம் வரும். 1947 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தை ஆண்ட ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் பிறந்த மண். மற்றபடி மல்லாட்டை, சவுக்கு, கரும்பு. இதுதான் ஊர்.

ஆனால் நமக்கும் ஒரு ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் உண்டு. அதற்கு இரண்டு சக்கரம், அவ்வளவுதான்!

1985-ல் எஸ்கார்ட்ஸ் கம்பெனி யமஹாவோடு சேர்ந்து இந்தியாவுக்குக் கொண்டு வந்தது ஆர்.எக்ஸ். 100. 1996 வரை வந்தது. 98 சி.சி., டூ ஸ்ட்ரோக், நாலு கியர், 11 குதிரைத் திறன். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டருக்கு 112 குதிரை வருகிறது! பெரிய பெரிய ஸ்போர்ட்ஸ் கார்களே எட்டிப் பிடிக்கத் திணறிய கணக்கு இது. நியாயமாகச் சொன்னால் டூ ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை வெடிப்பு உண்டு, ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான். அதனால் இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. இருந்தாலும் நூறு கிலோ சொச்சம் எடையுள்ள வண்டிக்கு அது போதும், பறக்கும்.

எங்க வீட்டு வண்டி 1993 மாடல். என் தாய்மாமா புதுச்சேரியில் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. 2007-ல் ஒரு ராத்திரி அம்மாவுக்கு வலி வந்தபோது ஊரில் ஆட்டோ கிடைக்கவில்லை. 108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டுக்கு வந்ததே 2008-ல்தான். மாமா முன்னால், அம்மா நடுவில், பாட்டி பின்னால் பிடித்துக்கொள்ள, திண்டிவனம் பெரியாஸ்பத்திரிக்கு இந்த வண்டியில்தான் போனார்கள். விடிவதற்குள் நான் பிறந்தேன். "மூணு பேரா போனோம், நாலு பேரா வந்தோம்" என்று பாட்டி இப்போதும் சொல்லும்.

2012-ல் மாமா கட்டட வேலைக்குச் சிங்கப்பூர் போனார். வண்டி கொட்டகைக்குப் போனது. கோழி அதன் சீட்டில் முட்டை போட்டது.

போன வருஷம் மூன்று பேர் அதன் மேல் கண் வைத்தார்கள். காயலான் கடைக்காரர் மூவாயிரத்து ஐந்நூறு என்றார். சென்னையிலிருந்து வந்த ஒருவர், ஓடாத நிலையிலேயே ஐம்பதாயிரம் என்றார். மூன்றாவது ஆள் நான். என் கையில் ஒன்றும் இல்லை.

அப்பா சவுக்கு வெட்டப் போகிறவர். எனக்கு முன்னால் எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படியைத் தாண்டிப் படித்தவர் யாரும் இல்லை. ஐம்பதாயிரம் என்றால் எங்கள் வீட்டில் என்ன அர்த்தம் என்று உங்களில் பாதிப் பேருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. "இரும்ப வச்சிக்கினு கும்புடவா போற?" என்று கேட்டார் அப்பா. மாமாவுக்கு போன் போட்டேன். "வித்துடுடா, உன் பீஸுக்கு ஆவும்" என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உன்னால ஓட வைக்க முடியுமா?" என்று கேட்டார்.

மெக்கானிக்கல் டிப்ளமோ படிக்கிறவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது! "முடியும் மாமா" என்று சொல்லிவிட்டேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். அப்பா ஒரு வருஷம் கெடு கொடுத்தார். ஓடவில்லை என்றால் சென்னைக்காரருக்கு.

லீவு நாட்களில் திண்டிவனத்தில் ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தேன். கூலியில் பாகங்கள் வாங்கினேன். பிளக் துவாரம் வழியாக ஆயில் ஊற்றி நாலு நாள் ஊற வைத்த பிறகுதான் பிஸ்டன் அசைந்தது. ஹெட்டைக் கழற்றி, பிளாக்கைத் தூக்கி, லேத் பட்டறையில் 0.25 ஓவர்சைஸ் போரிங் போட்டு, ஒரு கடையில் பிஸ்டன் கிட் வாங்கி மாட்டினேன். ஆறாவது கிக்கில் வண்டி எழுந்தது. கோழியெல்லாம் ஓடியது. அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தார். அன்றைக்கு நான்தான் ஊருக்கே எஞ்சினியர்!

நாற்பது கிலோமீட்டர். அவ்வளவுதான். கிளியனூரைத் தாண்டும்போது பின்சக்கரம் சட்டென்று பிடித்துக்கொண்டது. கிளட்சை அமுக்கினேன், பிழைத்தேன். எஞ்சின் சீஸ். வண்டியைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

முதலில் கடைக்காரரைத் திட்டினேன், டூப்ளிகேட் பிஸ்டன் கொடுத்துவிட்டார் என்று. பிறகு எங்கள் லேபில் கெஞ்சிக் கேட்டு மைக்ரோமீட்டரை வாங்கி அந்த பிஸ்டனை அளந்தேன். அளவு சரியில்லைதான். ஆனால் நண்பர்களே, அதை நான் மாட்டுவதற்கு முன்பே அளந்திருக்கலாமே! மைக்ரோமீட்டரின் படம் வரைந்து, பாகம் குறித்து, பரீட்சையில் முழு மார்க் வாங்கியவன் நான். அதைக் கையில் பிடித்து ஒரு பொருளை எனக்காக அளந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. பிஸ்டனுக்கும் போருக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு. அந்தச் சில பங்கு தெரியாததால் என் ஒரு மாசக் கூலி போனது.

இன்னொரு தப்பும் என்னுடையதே. சில நூறு ரூபாயை மிச்சம் பிடிக்கக் கிராங்க்கின் பழைய ஆயில் சீலை மாற்றாமல் விட்டேன். பட்டறை அண்ணன் சொல்லித்தான் புரிந்தது. டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க்கேஸே ஒரு பம்ப். மேக்னட் பக்கத்து சீல் காய்ந்து போனால் அந்த வழியாகக் காற்று உள்ளே வரும். கலவையில் பெட்ரோல் குறைந்து, சூடு ஏறி, சீஸ் ஆகும். கிளட்ச் பக்கத்து சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சிப் புகையாகக் கக்கும். புத்தகத்தில் இரண்டு வரி. ரோட்டில் இரண்டு மாசம்!

மறுபடி ஆரம்பித்தேன். 0.50 போரிங். இந்தத் தடவை அளந்து வாங்கினேன். புது சீல், ஆயில் பம்பில் காற்றை எடுத்தது, கார்புரேட்டர் ஜெட்டைச் சுத்தம் செய்தது, எல்லாம் என் கையால். ஒரு ராத்திரி கால்குலேட்டரை எடுத்தேன். இந்த வண்டியின் போர் 50 மி.மீ., ஸ்ட்ரோக்கும் 50 மி.மீ. ஃபார்முலாவில் போட்டால் 98.17 சி.சி. 50.50 போட்டால் 100.15! பேருக்குத்தான் நூறாக இருந்த வண்டி என் வீட்டில் நிஜமாகவே நூறு ஆகிவிட்டது. நண்பர்களே, முதல் வருஷத்திலிருந்து எழுதிக்கொண்டிருந்த அந்த ஃபார்முலா எதற்கு என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

இனி நான் சொல்ல வந்த கருத்துக்கு வருகிறேன். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

ஒன்று. பழைய வண்டியைப் புதுப்பிப்பது வேறு, கெடுப்பது வேறு. நம் ஹாஸ்டல் வாசலில் சைலன்ஸரை வெட்டிவிட்டுப் 'படபட'வென்று கிளம்பும் அண்ணன்மார்களே! டூ ஸ்ட்ரோக் சைலன்ஸர் வெறும் புகைக்குழாய் இல்லை. அது எஞ்சினின் ஒரு பாகம். அதற்குள் போய்த் திரும்பும் அழுத்த அலைதான், தப்பித்துப் போகும் புதுக் கலவையை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளுகிறது. அதை வெட்டினால் சத்தம் கூடும், இழுவை குறையும், பெட்ரோல் வீணாகும். ஜப்பான்காரன் கணக்குப் போட்டு வைத்ததை ஹாக்ஸா பிளேடால் திருத்த நாம் யார்?

இரண்டு. புகையைப் பற்றி உண்மை பேசுவோம். டூ ஸ்ட்ரோக் ஆயிலை எரிக்கிறது. எரியாத பெட்ரோலில் ஒரு பங்கை வெளியே விடுகிறது. சும்மாவா அந்த ரகம் புதிதாக வராமல் நின்றது? எனவே தினசரி சவாரிக்கு இது வேண்டாம். நான் இன்றைக்கும் பாலிடெக்னிக்குக்குப் பஸ் பாஸில்தான் வருகிறேன். ஐம்பது வருஷம் தாண்டினால்தான் நம் சட்டத்தில் 'விண்டேஜ்' என்ற பெருமை. அதுவரை பதினைந்து வருஷத்துக்குப் பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை எஃப்.சி. காட்டி ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரி கட்ட வேண்டும். மாமா லீவில் வந்தபோது அபராதத்தோடு அதையும் முடித்தோம். பேப்பர் இல்லாத வண்டியை எவ்வளவு தேய்த்துப் பளபளப்பாக்கினாலும் அது வண்டி இல்லை, வம்பு!

மூன்று. கடன் வாங்கி இதைச் செய்யாதீர்கள். இன்றைக்கு நல்ல நிலையில் உள்ள ஆர்.எக்ஸ்.க்கு லட்சத்துக்கு மேல் கேட்கிறார்கள். சினிமாவில் ஹீரோ ஓட்டினான் என்பதற்காக அப்பாவின் பேரில் வட்டிக்கு வாங்கினால், அது ஆசை இல்லை, அநியாயம். வீட்டிலோ, சித்தப்பா வீட்டிலோ, பக்கத்துத் தெருவிலோ ஓடாமல் கிடப்பதைத் தேடுங்கள். அது சுசுகியோ, லூனாவோ, பழைய டீசல் மோட்டாரோ, எதுவாகவும் இருக்கட்டும்.

நான்கு. இது எல்லாவற்றையும் விட முக்கியம். எல்லார் வீட்டுக் கொட்டகையிலும் ஆர்.எக்ஸ். கிடக்காது. என் வகுப்பில் படிக்கும் மூன்று மாணவிகளில் ஒருவர் கேட்டார்: "உனக்கு மாமா வண்டி இருந்துச்சு, பட்டறையில சேத்துக்கிட்டாங்க. என்னை எந்தப் பட்டறையில சேப்பாங்க?" என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியை நம் மாணவர் பேரவையிடம் ஒப்படைக்கிறேன். காயலான் கடை விலைக்கு ஒரு பழைய எஞ்சினைப் பேரவை வாங்கட்டும். சனிக்கிழமை மதியம் லேபைத் திறந்து வைக்கும்படி கேட்கட்டும். மைக்ரோமீட்டர் கண்ணாடி அலமாரியை விட்டு வெளியே வரட்டும். மூன்று வருஷம் முடிவதற்குள் நம்மில் ஒவ்வொருவரும், ஆணோ பெண்ணோ, ஒரு எஞ்சினைக் கழற்றி, அளந்து, மாட்டி, ஓட வைத்திருக்க வேண்டும். ஆண்டு விழாவுக்கு ஆகும் செலவில் இது ஒரு ஓரத்துச் செலவு.

ஜப்பான் கம்பெனிகள் தங்கள் பழைய கார்களைத் தாங்களே பார்த்துக்கொள்கின்றன. நமக்கு அந்த வேலையைச் செய்வது லேத் பட்டறைகளும் பேர் தெரியாத மெக்கானிக் அண்ணன்களும்தான். அவர்களில் பலர் டிப்ளமோ படிக்காதவர்கள். டிப்ளமோ வாங்கப் போகும் நாம் அவர்களுக்குப் பக்கத்தில் உட்காரும் தகுதியையாவது சம்பாதித்துக்கொண்டு போவோமே!

முடிவைக் கேட்கிறீர்களா? வண்டியை விற்கவில்லை. ஆனால் செலவு முப்பதாயிரத்தைத் தாண்டிவிட்டது. அந்த ஐம்பதாயிரம் வந்திருந்தால் கூரைக்குத் தகரம் போட்டிருக்கலாம், இந்த ஐப்பசி மழைக்கு ஒழுகாமல் இருந்திருக்கும். அதை நான் மறக்கவில்லை. அப்பாவும் மறக்கவில்லை. ஆனால் போன மாசம் அவர் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது: "எம்மவன் அவுத்து மாட்டுனான். அளந்து மாட்டுனான்." வேலைக்குப் போனதும் முதல் சம்பளம் தகரத்துக்குத்தான். இதை இந்த மலரில் அச்சடித்து எழுதிக் கொடுக்கிறேன். தவறினால் நீங்கள் கேட்கலாம்.

சிரிக்க வேண்டியவர்கள் இப்போது சிரியுங்கள். மற்றவர்கள் சனிக்கிழமை மதியம் லேபுக்கு வாருங்கள்!

— மூன்றாம் ஆண்டு மாணவன்,
இயந்திரவியல் துறை, ஓமந்தூர்