இருட்டுவதற்குள் வரைந்த மதுரை

மேலூர் பக்கமிருந்து மதுரைக்கு வருகிறவர்களுக்கு, ‘ஊர் வந்துவிட்டது’ என்று முதலில் சொல்வது கோபுரம் அல்ல, யானைமலைதான். துதிக்கையை முன்னால் நீட்டிப் படுத்திருக்கும் ஒற்றைக் கல் யானை. தினமும் பார்க்கிற மலை என்பதாலேயே உள்ளூர்க்காரர்கள் பலர் அதை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

அந்த மலையையும், அதன் அடிவாரத்து வயலையும், வரப்போரப் பனைமரங்களையும் கறுப்பு மையால் கோடு கோடாக, புள்ளி புள்ளியாக வரைந்து வைத்தவர் மனோகர் தேவதாஸ். வரைய வரைய அவருடைய பார்வை குறைந்துகொண்டே போனது. ஒருநாள் முழுவதும் இருட்டிவிடும் என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் வரைந்தார்.

வேதியியல் படித்த ஓவியர்

மனோகர் தேவதாஸ் 1936-ல் மதுரையில் பிறந்தவர். அவர் சிறுவனாக இருந்தபோது வைகையின் வடகரை இன்றைக்குப் போல நெருக்கமான நகரம் இல்லை. ஆற்றைத் தாண்டினால் வயலும் தோப்பும் கிணறுமாகக் கிடந்த பூமி. வெயில் காலத்தில் பையன்கள் கிணற்றில் குதித்து நீச்சல் பழகிய காலம். அந்த மதுரைதான் அவர் மனதில் கடைசிவரை இருந்தது.

அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் படித்தார். பிறகு சென்னைக்குப் போய் பேட்டரி தயாரிக்கும் தொழிலில் வேதியியல் நிபுணராக வேலை பார்த்தார். ஓவியம் அவருக்குச் சோறு போட்ட தொழில் அல்ல. ஃபேக்டரி வேலை முடிந்த பிறகு, விடுமுறை நாட்களில், வீட்டு மேஜையில் செய்த காரியம் அது. 1963-ல் மகேமாவைக் கல்யாணம் செய்துகொண்டார். மகேமாவும் ஓவியர்தான். ஒரே வீட்டில் இரண்டு பேர் வரைகிறவர்கள். ஒரு பெண் குழந்தை. நிறைவான குடும்பம்.

1972-ன் கடைசி நாட்களில் நடந்த ஒரு சாலை விபத்து அந்த வீட்டைப் புரட்டிப் போட்டது. கழுத்துப் பகுதியில் தண்டுவடம் அடிபட்டு, மகேமாவுக்குத் தோளுக்குக் கீழே உடல் செயலிழந்தது. அதன்பின் 2008-ல் இறக்கும் வரை, ஏறக்குறைய 36 ஆண்டுகள், அவர் சக்கர நாற்காலியில்தான் வாழ்ந்தார். கைக்குழந்தையைப் போல ஒவ்வொன்றுக்கும் இன்னொருவர் துணை வேண்டியிருந்தது. அந்தத் துணையாகக் கணவரே நின்றார்.

இன்னொரு இடியும் விழுந்தது. மனோகரின் கண்ணில் இருந்த கோளாறுக்கு மருத்துவர்கள் ஒரு பெயர் சொன்னார்கள்: ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா.

ஓரத்திலிருந்து வரும் இருட்டு

இந்த நோய் பரம்பரையாக வருவது. நம் கண்ணின் உள்சுவரில் விழித்திரை இருக்கிறது. அதில் இரண்டு வகை செல்கள் வெளிச்சத்தை வாங்குகின்றன. மங்கலான ஒளியில் பார்க்க உதவுவது ஒரு வகை. நிறத்தையும் நுணுக்கத்தையும் பார்ப்பது இன்னொரு வகை. இந்த நோயில் பெரும்பாலும் முதல் வகைதான் முதலில் அழிகிறது. அதனால் ஆரம்பத்தில் ராத்திரிப் பார்வை போகும். சாயங்காலம் ஆனால் வாசற்படி தட்டுப்படாது. பிறகு பார்வையின் ஓரங்கள் சுருங்கத் தொடங்கும். பக்கத்தில் நிற்பவர் தெரியமாட்டார், நேரெதிரே இருப்பவர் மட்டும் தெரிவார். ஒரு குழாய் வழியாக உலகத்தைப் பார்ப்பது போல. கடைசியில் அந்தக் குழாயின் வாயும் அடைபடலாம்.

இது ஒரே நாளில் நடப்பதல்ல. பல வருடங்களாக, விளக்குத் திரியை யாரோ மெல்ல இறக்குவது போல நடக்கிறது. ஒரு கட்டடத்தை வரைய வேண்டுமென்றால் முதலில் அதை முழுசாகப் பார்க்க வேண்டும். கோபுரத்தின் அடி எங்கே, உச்சி எங்கே, பக்கத்து மண்டபம் எவ்வளவு தள்ளி என்பதெல்லாம் ஒரே பார்வையில் அடங்க வேண்டும். அந்த ஒரே பார்வையைத்தான் இந்த நோய் முதலில் பறிக்கிறது.

அப்படியும் மனோகர் எடுத்துக்கொண்டவை சின்னச் சின்னப் பூவும் பழமும் அல்ல. மீனாட்சி அம்மன் கோயில், திருமலை நாயக்கர் மகால், யானைமலை, சென்னையின் பழைய கட்டடங்கள் என்று எல்லாமே பெரியவை, எல்லாமே விரிந்தவை. சுருங்கிய பார்வையால் துண்டு துண்டாகப் பார்த்து, நினைவில் வைத்து, தாளில் ஒட்டவைத்தார். தடித்த லென்ஸ் போட்ட கண்ணாடி, மேஜை மேல் பளீர் விளக்கு, தாளுக்கு மிக அருகில் முகம். ஒரு படத்தை இப்படி அங்குலம் அங்குலமாகத்தான் நகர்த்த முடியும்.

அவர் எடுத்துக்கொண்ட கருவியும் லேசானதல்ல. பென்சில் என்றால் அழிக்கலாம். எண்ணெய் வண்ணம் என்றால் மேலே இன்னொரு பூச்சு பூசலாம். பேனா மை அப்படி மன்னிக்காது, வைத்த கோடு வைத்ததுதான். நிழல் வேண்டுமென்றால் கோடுகளை நெருக்க வேண்டும், வெயில் வேண்டுமென்றால் தாளை வெறுமனே விட வேண்டும். கறுப்பும் வெள்ளையும் தவிர மூன்றாவதாக எதுவும் கிடையாது. நல்ல கண் உள்ளவர்களுக்கே கை நடுங்கும் வேலை இது.

சீனத்திலும் வங்கத்திலும்

ஆங்கிலத்தில் ‘இந்தியன் இங்க்’ என்று சொல்லும் கறுப்பு மை உண்மையில் சீனத்தில் பிறந்தது. புகைக்கரியையும் பசையையும் சேர்த்துக் கட்டியாக்கி, கல்லில் உரைத்துப் பயன்படுத்துவது அவர்கள் வழக்கம். அந்த மையாலேயே மலையும் ஆறும் வரைந்து பேர் பெற்றவர் ஹுவாங் பின்ஹோங். 1865-ல் பிறந்த அவருக்கு, எண்பதுகளின் பிற்பகுதியில் கண்புரை முற்றி ஏறக்குறையப் பார்வையே போனது. அப்போதும் தூரிகையைக் கீழே வைக்கவில்லை. அந்த நாட்களில் அவர் வரைந்த மலைகள் மையின் மேல் மையாகக் கறுத்துக் கிடக்கின்றன. 1953-ல் அறுவை சிகிச்சை செய்து பார்வை திரும்பியது. 1955-ல் இறந்தார்.

நம் நாட்டில் சாந்திநிகேதனின் பினோத் பிஹாரி முகர்ஜியைச் சொல்ல வேண்டும். பிறவியிலேயே பலவீனமான கண். 1957 வாக்கில் ஓர் அறுவை சிகிச்சைக்குப் பின் முழுப் பார்வையும் போனது. அதற்குப் பிறகும் காகிதம் வெட்டி ஒட்டினார், சுவரோவியம் செய்தார். அவரிடம் படித்த சத்யஜித் ரே 1972-ல் அவரைப் பற்றி ஓர் ஆவணப்படமே எடுத்தார்.

இந்த இருவருக்கும் மனோகருக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. சீன ஓவியருக்குப் பார்வை திரும்பி வந்தது. வங்க ஓவியருக்கு இருட்டு ஓர் அறுவை சிகிச்சையோடு வந்தது. மனோகருக்கோ நடுவயது முழுக்க, முதுமை முழுக்க, அது வந்துகொண்டே இருந்தது. ‘இந்த வருஷம் தெரிகிற அளவு அடுத்த வருஷம் தெரியாது’ என்ற கணக்கோடு ஒவ்வொரு படத்துக்கும் உட்கார வேண்டியிருந்தது.

வாழ்த்து அட்டையில் தர்மம்

இந்தத் தம்பதி தங்கள் கஷ்டத்தோடு கதவை மூடிக்கொள்ளவில்லை. மனோகர் வரைந்த பாரம்பரியக் கட்டடங்களின் படங்கள் வாழ்த்து அட்டைகளாக அச்சாயின. அந்த இடத்தின் வரலாற்றைச் சுருக்கமாக எழுதித் தருவது மகேமாவின் பங்கு. அட்டை விற்ற பணம் தர்ம காரியங்களுக்குப் போனது, குறிப்பாக ஏழைகளின் கண் சிகிச்சைக்கு. 1976-ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்கும் அவர்கள் உதவி சேர்ந்தது. பார்வை போய்க்கொண்டிருந்தவரின் படம் முன்பின் தெரியாத ஒருவருக்குப் பார்வை வாங்கிக் கொடுத்தது.

பேனா கோடு போடுவதோடு நிற்கவில்லை, எழுதவும் செய்தது. 1997-ல் ‘கிரீன் வெல் இயர்ஸ்’ என்ற ஆங்கில நாவல் வந்தது. பெயரிலேயே கிணறு இருக்கிறது. அந்தக் காலத்து மதுரையில் ஒரு பையன் வளரும் கதை, தன் ஓவியங்களோடு. 2007-ல் மதுரையின் பல முகங்களைச் சொல்லும் ‘மல்டிபிள் ஃபேசெட்ஸ் ஆஃப் மை மதுரை’ வந்தது. மனைவியின் மன உறுதியைப் பற்றியும் தனியாக ஒரு புத்தகம் எழுதினார். மகேமா போன பிறகும், கண்ணில் மிச்சமிருந்த வெளிச்சத்தை வைத்து வேலையைத் தொடர்ந்தார். 2020-க்கான பத்மஸ்ரீ விருது அவருக்கு அறிவிக்கப்பட்டது. 2022 டிசம்பர் 7 அன்று சென்னையில், 86 வயதில் காலமானார்.

படத்தில் மட்டும் மிஞ்சியவை

அவர் படங்களை இன்று எடுத்துப் பார்த்தால் ஒரு விஷயம் உறைக்கும். போய்க்கொண்டிருந்தது அவர் கண் மட்டுமல்ல, அவர் பார்த்த ஊரும்தான்.

1895-ல் பெரியாறு அணைத் தண்ணீர் வந்த பிறகு மதுரையைச் சுற்றி நெல் வயல்கள் விரிந்தன. மேற்கே பரவை, சமயநல்லூர் வழியாகப் போனால் கண்மாயும் வயலும் மாறி மாறி வந்த பூமி. இன்று அதே வழியில் பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியே எண்ணினால், நாற்றங்காலைவிட பிளாட் கற்கள்தான் அதிகம் தென்படும். பரவை மார்க்கெட்டுக்கு லாரி லாரியாகக் காய்கறி வந்து இறங்குகிறது, அது நல்லதுதான். ஆனால் பக்கத்து வயலில் விளைந்தது எவ்வளவு என்று கேட்டால் பெரியவர்கள் பெருமூச்சு விடுவார்கள்.

மலைக்கே ஆபத்து வந்த கதையும் உண்டு. 2010-ல் யானைமலையைக் குடைந்து சிற்ப நகரம் அமைக்கும் யோசனை எழுந்தபோது, அடிவாரத்துக் கிராம மக்கள் திரண்டு எதிர்த்தார்கள். சமணர் படுகையும் தமிழி எழுத்தும் நரசிங்கப் பெருமாள் குடைவரையும் இருக்கிற மலை அது. யோசனை கைவிடப்பட்டது. யானை இன்னும் படுத்திருக்கிறது. அதன் முன்னால் விரிந்து கிடந்த வயல்வெளிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அதை இன்று மனோகரின் கோடுகளில்தான் பார்க்க முடிகிறது.

நம் வீட்டில் கவனிக்க வேண்டியது

இந்தக் கதையில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சேதி இருக்கிறது. சாயங்காலம் விளையாடப் போன பிள்ளை அடிக்கடி தடுக்கி விழுந்தால், இருட்டான தியேட்டரில் இருக்கை தேடித் தடுமாறினால், பக்கத்தில் வருகிறவர் மேல் இடித்துக்கொண்டே இருந்தால், ‘கவனமே இல்லை’ என்று திட்டுவதற்கு முன் ஒருமுறை கண் மருத்துவரிடம் காட்டுங்கள். மாலைக்கண் எல்லாமே வைட்டமின் குறைவால் வருவதல்ல. கீரையும் பப்பாளியும் கொடுத்துச் சரியாகிற வகையும் உண்டு, ஆகாத வகையும் உண்டு. எது என்று சோதித்துத்தான் சொல்ல முடியும்.

இது மரபணு வழியாக வரும் நோய். மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் என்று நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம் செய்யும்போது, இப்படிப்பட்ட பரம்பரை நோய்கள் குழந்தைக்கு வரும் வாய்ப்பு கூடுகிறது. குடும்பத்தில் யாருக்காவது இப்படிப் பார்வை குறைந்திருந்தால் அதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்வது நல்லது. ஒரு குறிப்பிட்ட மரபணுக் கோளாறுக்கு மட்டும் 2017-ல் அமெரிக்காவில் மரபணு சிகிச்சை ஒன்றுக்கு அனுமதி கிடைத்தது. மற்ற பெரும்பாலான வகைகளுக்கு முழுக் குணம் இன்னும் வரவில்லை. ஆனால் முன்கூட்டியே தெரிந்தால் படிப்பையும் வேலையையும் அதற்கேற்ற மாதிரி திட்டமிடலாம். இருக்கும் பார்வையை எதற்குச் செலவிடுவது என்றும் தீர்மானிக்கலாம்.

மனோகர் தேவதாஸ் அதைத்தான் செய்தார். தனக்குக் கிடைத்த வெளிச்சத்தில் ஒரு பங்கை மனைவிக்குக் கொடுத்தார், ஒரு பங்கை முகம் தெரியாத நோயாளிகளுக்குக் கொடுத்தார், மிச்சத்தை மதுரைக்குக் கொடுத்தார். அடுத்த முறை ஒத்தக்கடைப் பக்கம் போகும்போது யானைமலையை ஒரு நிமிஷம் நின்று முழுசாகப் பாருங்கள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, ஒரே பார்வையில். அப்படிப் பார்க்க முடிவது எவ்வளவு பெரிய சொத்து என்று அவருக்குத் தெரிந்திருந்தது.