முதலில் எர்த், பிறகு ஸ்பைக் பஸ்டர்

கம்ப்யூட்டர் வாங்கும்போது கூடவே ஒரு 2.1 அல்லது 5.1 ஸ்பீக்கர் செட்டும் வாங்குகிறோம். வீட்டில் பழைய ஆம்ப்ளிஃபயர் இருந்தால் அதையும் கம்ப்யூட்டரோடு இணைத்துவிடுகிறோம். கடைசியில் கடைக்காரர் ஒரு ஸ்பைக் பஸ்டரை எடுத்து வைத்து, "இதைப் போட்டுட்டா கரண்டைப் பத்திக் கவலையே இல்ல சார்" என்பார். இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எர்த் சரியில்லாத வீட்டில் ஸ்பைக் பஸ்டர் பாதி வேலைகூடச் செய்யாது. முதல் செலவு எர்த்துக்குத்தான் என்பது என் கருத்து.

ஏன் என்று பார்ப்போம். ஸ்பைக் பஸ்டரின் உள்ளே எம்ஓவி என்ற வட்ட வடிவப் பாகம் இருக்கிறது. 230 வோல்ட் வரும்வரை அது சும்மா இருக்கும். இடி மின்னலின்போதோ, லைனில் பெரிய மோட்டார் நிற்கும்போதோ கண நேரத்துக்கு வோல்டேஜ் எகிறினால், அதை வேறு வழியில் திருப்பிவிடும். நல்ல பெட்டியில் இப்படி மூன்று வழிகள் இருக்கும்: பேஸிலிருந்து நியூட்ரலுக்கு, பேஸிலிருந்து எர்த்துக்கு, நியூட்ரலிலிருந்து எர்த்துக்கு. எர்த் இல்லை என்றால் மூன்றில் இரண்டு வழிகள் அடைபட்டுவிடும். மலிவுப் பெட்டிகள் பலவற்றில் எம்ஓவியே இருக்காது. சுவிட்சும் சிவப்பு விளக்கும் மட்டும்தான். எத்தனை ஜூல் தாங்கும் என்று அட்டையில் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஒவ்வொரு அடியிலும் எம்ஓவி கொஞ்சம் தேயும் என்பதால், ஆயுசுக்கும் ஒரே பெட்டி போதாது.

"யூபிஎஸ் இருக்கிறதே" என்பீர்கள். வீட்டில் வைக்கும் சாதாரண யூபிஎஸ்ஸும் இன்வெர்ட்டரும், கரண்ட் இருக்கும்போது லைனில் வருவதைத்தான் உள்ளே அனுப்புகின்றன. அவற்றுக்கும் எர்த் வேண்டும்.

நான் குடியிருக்கும் வானகரத்தில் ஜூன் முதல் செப்டம்பர் வரை சாயங்கால இடிமழை சகஜம். அது ஓய்ந்தால் வடகிழக்குப் பருவமழையும் புயலும். 2016 டிசம்பர் 12-ம் தேதி வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது மரங்களும் ஆயிரக்கணக்கான மின்கம்பங்களும் சாய்ந்தன. பல இடங்களில் கரண்ட் வரச் சில நாட்கள் ஆயின. இப்படிக் கம்பி அறுந்து மறுபடி இணைக்கும் நேரத்தில்தான் ஆபத்து அதிகம். நியூட்ரல் கட் ஆகிவிட்டால் சிங்கிள் பேஸ் வீட்டுக்குள் 400 வோல்ட் அளவுக்குக்கூட வரலாம். அது கண நேர ஸ்பைக் அல்ல, நிமிடக்கணக்கில் நிற்கும். எம்ஓவி அதைத் தாங்காது, கருகிவிடும். ஹை கட்-ஆஃப் உள்ள ஸ்டெபிலைசர் அல்லது வோல்டேஜ் புரொடெக்டர்தான் அதற்கு மருந்து. அதைவிட நல்லது, இடி இடித்தாலோ கரண்ட் போனாலோ பிளக்கையே பிடுங்கிவிடுவது. கரண்ட் வந்து, லைட் சீராக எரிவதைப் பார்த்து, பத்து நிமிஷம் கழித்து மாட்டுங்கள். கேபிள் டிவி ஒயரையும் இன்டர்நெட் ஒயரையும் கழற்ற மறக்காதீர்கள். அவை வழியாகவும் மின்னல் உள்ளே வரும்.

அடுத்தது, ஸ்பீக்கரில் கேட்கும் "ம்ம்ம்" என்ற உறுமல். கம்ப்யூட்டர் ஒரு பிளக்கிலும் ஆம்ப்ளிஃபயர் இன்னொரு பிளக்கிலும் இருந்தால், இரண்டு எர்த்துக்கும் நடுவே சிறு வோல்டேஜ் வித்தியாசம் இருக்கலாம். அது ஆடியோ ஒயர் வழியாக ஓடி உறுமலாகக் கேட்கும். லேப்டாப்பாக இருந்தால் சோதிப்பது சுலபம். அடாப்டரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டுங்கள். சத்தம் நின்றால் காரணம் இதுதான். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டுங்கள். அப்படியும் போகாவிட்டால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் கேட்டு வாங்கி ஆடியோ ஒயரின் நடுவே இணையுங்கள். இரண்டு பக்கமும் வசதி இருந்தால் ஆப்டிகல் கேபிள் இன்னும் நல்லது. அதில் போவது வெறும் ஒளிதான்.

சிலர் சொல்லும் குறுக்குவழி ஒன்று உண்டு: பிளக்கின் மூன்றாவது பின்னை உடைத்துவிடுவது. உறுமல் நின்றுவிடும், உண்மைதான். ஆனால் உள்ளே ஒரு ஒயர் உரசினால் கேபினட் முழுக்க 230 வோல்ட் நிற்கும். அதைத் தொடப்போவது உங்கள் பிள்ளையாகக்கூட இருக்கலாம். யார் சொன்னாலும் இதைச் செய்யாதீர்கள். கேபினட்டைத் தொட்டால் சுருசுருவென்று இருக்கிறதா? உங்கள் வீட்டு எர்த் சரியில்லை என்பதற்கு அது பெரும்பாலும் அறிகுறி.

எர்த் பார்ப்பது எலக்ட்ரீஷியன் வேலை. நீங்கள் இறங்க வேண்டாம். பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே மல்டிமீட்டர் 230 காட்டினால் மட்டும் போதாது, எர்த் டெஸ்டரால் குழியை அளக்கச் சொல்லுங்கள். கரியும் உப்பும் போட்ட பழைய குழி வெயில் காலத்தில் காய்ந்துவிடும். அதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். மெயின் போர்டில் 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். பொருளைவிட உயிரைக் காப்பது அதுதான்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்வது? அட்வான்ஸ் கொடுக்கும் முன் தண்ணீர் வருமா, பார்க்கிங் உண்டா என்று கேட்கிறோம். "எர்த் குழி எங்கே இருக்கு?" என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் பக்கத்து அபார்ட்மென்ட்கள் சிலவற்றில் குழியின் மேலேயே டைல்ஸ் ஒட்டியிருக்கிறார்கள். அதைச் சரியாக வைத்திருப்பது வீட்டுக்காரரின் கடமை. கேட்பது நம் உரிமை. கோளாறு தெருக் கம்பத்தில் என்றால் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குப் புகார் செய்யுங்கள்.

ஸ்பைக் பஸ்டர் வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதன் மூன்றாவது பின் போய்ச் சேரும் மண்ணை முதலில் பாருங்கள்.