பழிக்குப் பந்து!

ஜி.எம். மேனேஜரைக் காய்ச்சுவார். மேனேஜர் ஹெட்கிளார்க்கை. ஹெட்கிளார்க் உங்களை. நீங்கள்? டீ கொண்டு வருகிற பையனை! அவன் என்ன தப்பு செய்தான்? வரிசையில் கடைசியாக நின்றான், அவ்வளவுதான்.

அமெரிக்க பேஸ்பாலில் இதற்கு எழுதாத சட்டமே உண்டு. எங்கள் ஆளைப் பந்தால் அடித்தாயா? உங்கள் ஆளை நான் அடிப்பேன். இதில் வேடிக்கை, பந்தை எறிந்த பிட்சர் பெரும்பாலும் பேட் பிடிக்கவே வரமாட்டார். 1973 முதல் அமெரிக்கன் லீகிலும், 2022 முதல் நேஷனல் லீகிலும் அவருக்குப் பதிலாக அடிக்க வேறு ஆள். ஆக, செய்தவர் ஒருவர், வாங்குபவர் இன்னொருவர். டீ பையன் கேஸ்தான்! 1920-ல் ரே சாப்மன் தலையில் பந்து பட்டு மறுநாளே செத்துப் போனார். மேஜர் லீகில் ஹெல்மெட் கட்டாயமானது 1971-ல். யோசிக்க அரை நூற்றாண்டு!

நம்ம கிரிக்கெட்டில் பவுலரும் பேட் பிடித்தாக வேண்டும். கணக்கு நேர். ஆனால் அவருக்கு பேட்டிங் வராதே, சார்!

2021 ஆகஸ்ட், லார்ட்ஸ். கடைசி ஆளான ஆண்டர்சனுக்கு பும்ரா பவுன்சராகப் போட்டுத் தாளித்தார். இங்கிலாந்துக்குக் கோபம். பும்ரா பேட்டோடு வந்ததும், ஸ்டம்ப் என்று ஒன்று இருப்பதையே மறந்து தலையைக் குறிவைத்தார்கள். விளைவு? ஷமி 56, பும்ரா 34, இருவரும் அவுட்டாகாமல் 89 ரன் சேர்த்தார்கள். இங்கிலாந்து 120-க்குச் சுருண்டு, 151 ரன்னில் தோற்றது. பழி வாங்கப் போய் மேட்ச் போச்சு.

'சபாஷ்!' என்று விசிலடிக்கிறீர்கள். நானும்தான். ஆனால் ஒரு பந்து ஹெல்மெட்டுக்குக் கீழே புகுந்திருந்தால்? 2014-ல் ஃபில் ஹியூஸ் ஹெல்மெட் போட்டுக்கொண்டுதான் ஆடினார். கழுத்தில் பட்டது. வயது 25.

பேட்ஸ்மேனின் திறமையையும் கணக்கில் எடுத்து, காயம் படும் என்று தோன்றினால் அம்பயர் பவுன்சரைத் தடுக்கலாம் என்று விதி இருக்கிறது. பத்தாவது, பதினோராவது ஆளுக்காகவே எழுதியது போல!

எங்கள் திருவண்ணாமலையில் காலி இடம் கிடைத்தால் ஸ்டம்ப் முளைத்துவிடும். டென்னிஸ் பந்து என்றால் கவலையில்லை. கார்க் பந்து, பந்தயப் பணம், போன வாரத்துப் பகை மூன்றும் சேர்ந்தால்தான் வம்பு. அம்பயர் யார்? பேட்டிங் டீமில் அவுட்டாகி வந்த ஆள். அவர் பேச்சை யார் கேட்பார்கள்? ஹெல்மெட்டோ, கிரிவலப் பாதையில் பைக் டாங்க் மேல் பத்திரமாக உட்கார்ந்து சவாரி போகிற ஜாதி. டீமுக்கு ஒன்றிரண்டு இருந்தாலும் ஓப்பனர்களோடு சரி. கடைசியில் இறங்குகிற ஒல்லிப் பையன் வெறுந்தலையோடு நிற்கிறான். பழி தீர்ப்பது அவன் மேல்தான்.

1962-ல் பார்படாஸில் சார்லி கிரிஃபித் போட்ட பந்து நம்ம கேப்டன் நாரி கான்ட்ராக்டரின் மண்டையைப் பிளந்தது. வயது 28. அப்புறம் அவர் டெஸ்ட் ஆடவே இல்லை. தலையில் வைத்த உலோகத் தகட்டை 2022-ல்தான் எடுத்தார்கள். அன்றைக்கு ரத்தம் கொடுக்க வந்தவர்களில் ஒருவர் யார் தெரியுமா? வெஸ்ட் இண்டீஸ் கேப்டன் ஃபிராங்க் வோரல்! அவர் பெயரில் வங்காள கிரிக்கெட் சங்கம் ரத்ததான முகாம் நடத்துகிறது.

யார் யாருக்கு எத்தனை பவுன்சர் போட்டார்கள் என்பது மறந்து போகும். வோரல் கொடுத்த ரத்தம் மறக்கவில்லை பாருங்கள்.

இந்த ஞாயிறு மேட்சுக்குப் போகிறீர்களா? பந்தயப் பணத்தில் முதல் செலவு இன்னொரு ஹெல்மெட். அதைக் கடைசி ஆளுக்குக் கொடுங்கள். திங்கட்கிழமை, டீ பையனையும் கொஞ்சம் கவனியுங்கள்.